ஆறு ஆண்டுகள் ஓட்டிய காரும் அதன் ஏசி குமிழும்

கடையநல்லூரில் இருக்கும் என் சித்தி மகன் போன வாரம் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அக்கா, நீங்க வச்சிருக்கிற அதே வண்டி, அதே வருஷத்து மாடல், ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. எடுக்கலாமா?" எடு என்றோ வேண்டாம் என்றோ எனக்கு உடனே சொல்ல வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவனுக்காகத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டதால், இந்த வண்டியை வைத்திருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே பகிர்கிறேன்.

எஞ்சின், மைலேஜ், இடவசதி பற்றியெல்லாம் வேண்டிய அளவுக்கு எழுதப்பட்டுவிட்டது. அவற்றில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆறு ஆண்டுகளில் 78,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அதில் பாதி, செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு, தென்மலை, குளத்தூப்புழை, பாலோடு வழியாகத் திருவனந்தபுரம் போய் வந்த தூரம். அம்மாவுக்கு மருத்துவம் அங்கேதான். செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்தில், அதாவது 1956 நவம்பருக்கு முன்னால் பிறந்தவர் அம்மா. பெரிய ஆஸ்பத்திரி என்றால் அவருக்கு இன்றும் திருவனந்தபுரம்தான். மதுரை எத்தனை முறை சொல்லியும் எடுபடவில்லை. ஆகவே மாதத்தில் இரண்டு மூன்று தடவை அந்த மலைச்சாலை. இவ்வளவு வளைவுகளிலும் வண்டி ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. சஸ்பென்ஷன் இன்றும் புதிதுபோல் இருக்கிறது, பிரேக் திடமாகப் பிடிக்கிறது, அம்மாவின் இடுப்பு வலி இந்த வண்டியில் மட்டும் கூடுவதில்லை.

நான் எழுத வந்தது டேஷ்போர்டின் நடுவில், கியருக்கு மேலே இருக்கும் இரண்டு குமிழ்களில் இடது பக்கத்தது பற்றி. நாப் என்று எல்லோரும் சொல்கிற அந்தக் குமிழைத் திருகினால் ஏசி காற்றின் வேகம் கூடும், குறையும். உள்ளே அழுத்தினால் காற்று முழுவதும் முன்கண்ணாடிக்குத் திரும்பும். வண்டி வாங்கிய முதல் மாதத்திலேயே நான் விரும்பத் தொடங்கியது இந்தக் குமிழைத்தான். ஒவ்வொரு படிக்கும் விரலில் ஒரு சிறு 'டிக்' தெரியும். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே, இருட்டில், மூன்று டிக் என்றால் மூன்று படி என்று எண்ணிக்கொண்டே திருகலாம். விளிம்பில் வெட்டியிருந்த சிறு பள்ளங்கள் வியர்த்த விரலுக்கும் வழுக்காதவை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஓட்டுகிறவரின் கையை மனத்தில் வைத்துச் செய்த பொருள் அது.

மூன்றாம் ஆண்டு சாரல் காலத்தில் அது கெடத் தொடங்கியது. முதலில் இரண்டு படி திருகினால் ஒரு படிதான் ஏறியது. பிறகு வலப்பக்கம் திருகினால் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அடுத்த ஆண்டு ஜூன் வந்தபோது, கூட்டுவதற்காகத் திருகினால் குறையத் தொடங்கியிருந்தது.

சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்கு இது சின்னத் தொந்தரவாகத் தோன்றலாம். எங்கள் கணவாயில் அப்படி இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு இடைவெளி வழியாக உள்ளே நுழையும் மாதங்களில், மழையில் குளிர்ந்துபோன முன்கண்ணாடியின் உட்புறத்தில் நம் மூச்சின் ஈரம் படிந்து நிமிடத்தில் வெளுத்துவிடும். அதைப் போக்க ஏசியை ஓடவிட்டு, வெளிக்காற்றை உள்ளே எடுத்து, அதைக் கண்ணாடியை நோக்கி வேகமாக வீசச் செய்யவேண்டும். ஏசியின் உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்களில் காற்றின் ஈரம் நீராக ஒதுங்கி வண்டிக்கு அடியில் சொட்டிவிடுகிறது. அப்படி உலர்ந்து வரும் காற்றுதான் கண்ணாடியைத் துடைக்கிறது. என் வண்டியில் இந்த வேலை முழுவதும் அந்த ஒரு குமிழின் கையில் இருந்தது.

அந்த ஜூலையில் ஒரு இரவு, அம்மாவுக்குப் பரிசோதனை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஆரியங்காவைத் தாண்டியதும் மழை பிடித்தது. கோட்டைவாசலைக் கடந்து புளியரைப் பக்கம் இறங்கும்போது கண்ணாடி மங்கத் தொடங்கியது. குமிழை அழுத்தினேன், காற்று கண்ணாடிக்குத் திரும்பவில்லை. வலப்பக்கம் திருகினேன், இருந்த காற்றும் குறைந்து நின்றே போனது. எதிரே கேரளத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு ஏறும் டாரஸ் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. எஸ் வளைவுக்கு முன்னால் அவற்றின் விளக்கொளி மங்கிய கண்ணாடியில் பட்டு எதிரில் வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஜன்னல்களை இறக்கிவிட்டு, அம்மா முன்சாய்ந்து சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வர, நடைவேகத்தில் இறங்கி, அகலமான ஓர் இடத்தில் ஒதுக்கி நிறுத்தினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஈரத் தலைப்பைப் பிழிந்துவிட்டு முருகா என்றார். என் கை நடுங்கியது நிற்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

மறுநாளே சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்த மேற்பார்வையாளர் மரியாதையாகவே பேசினார், பொறுமையாகக் கேட்டார். அதை நான் மறைக்கக்கூடாது. மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்று புதுப்பித்து 1,200 ரூபாய் வாங்கினார்கள். வீடு வந்து சேருவதற்குள் குமிழ் பழைய புத்தியைக் காட்டியது. இரண்டாம் முறை போனபோது, ஏசி கட்டுப்பாட்டுப் பலகையை முழுவதுமாக மாற்றவேண்டும், விலை 17,800 ரூபாய், வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்றார். திரையும் வலது குமிழும் பொத்தான்களும் நன்றாகத்தானே இருக்கின்றன, இடது குமிழை மட்டும் மாற்றக்கூடாதா என்று கேட்டேன். "மேடம், அதுக்குத் தனியா பார்ட் நம்பரே கிடையாது" என்றார். அவர் சொன்னது உண்மைதான். நிறுவனம் விற்காத பொருளை அவர் எங்கிருந்து எடுத்துத் தருவார்? என் கோபம் அவர் மேல் போகக்கூடாது என்று எனக்கே பலமுறை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

தென்காசியில் டிவி, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். எங்கள் வீட்டுப் பழைய ரேடியோவை என் அப்பா அவரிடம்தான் கொடுத்துச் சரிசெய்வார். அவரிடம் விவரம் சொன்னேன். "வால்யூமைத் திருப்பும்போது ரேடியோ கரகரன்னு இரையும்லா, அதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இது. கழட்டிப் பாப்போம்மா" என்றார்.

அவர் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. பழைய வால்யூம் குமிழுக்குள் கரித்தடம் இருக்கும். ஓர் எல்லைக்கு மேல் திரும்பாது. என் காரில் இருப்பது முடிவில்லாமல் சுற்றும் வகை. ரோட்டரி என்கோடர் என்று பெயர். உள்ளே மெல்லிய உலோக விரல்கள் வட்டத் தடத்தின்மேல் உரசிக்கொண்டே போய், இரண்டு இணைப்புகளை மாறிமாறித் திறந்து மூடுகின்றன. இரண்டும் ஒரே கணத்தில் மூடாதபடி, ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக அமைத்திருப்பார்கள். எது முதலில் மூடியது என்பதை வைத்துத்தான் நாம் வலப்பக்கம் திருகினோமா இடப்பக்கமா என்று உள்ளிருக்கும் சில்லு தெரிந்துகொள்கிறது. தடத்தில் போட்ட கிரீஸ் காய்ந்து, தேய்ந்த உலோகத் தூளும் ஈரமும் சேர்ந்துவிட்டால், ஓர் இணைப்பு விட்டுவிட்டு வேலை செய்யும். அப்போது சில்லுக்குத் திசை மாறித் தெரியும். கூட்டச் சொன்னால் குறைத்ததன் காரணம் இதுதான். டேஷ்போர்டு பளபளக்க நான் வாராவாரம் அடித்த பாலிஷ் ஸ்ப்ரேயும் குமிழின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கியிருந்ததை அவர் காட்டினார். அதில் என் பங்கு இருக்கிறது. இப்போது துணியில் தெளித்துத்தான் துடைக்கிறேன்.

பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே அவர் டேஷ்போர்டில் கை வைத்தார். ஏர்பேக் ஒயர்கள் ஓடும் இடம் அது. ஓரத்துச் சட்டத்தைப் பிளாஸ்டிக் நெம்பியால் எடுத்தார். அதில் ஒரு கிளிப் உடைந்துவிட்டது. குண்டும் குழியுமான ரோட்டில் அந்த மூலை இன்றும் லேசாக முனகுகிறது, எனக்கு அது உறுத்துகிறது. நான்கு ஸ்குரூ கழற்றினால் பலகை கையோடு வந்துவிடுகிறது. மின்தொடர்பு இருந்தால் ஒலி எழுப்பும் மல்டிமீட்டரை என்கோடரின் நடுக்காலிலும் ஓரக்காலிலும் வைத்துக் குமிழை மெல்லத் திருகியபோது, ஒரு பக்கம் ஒழுங்காகக் 'கீ' என்றது, மறுபக்கம் விக்கி விக்கி நின்றது. அழுத்தும் சுவிட்சும் அதே பாகத்துக்குள்தான் இருக்கிறது, அதுவும் செத்திருந்தது.

முதல் முறை மின்தொடர்புகளுக்கென்றே விற்கும் கிளீனரை அடித்துச் சுற்றிவிட்டார். இரண்டு மாதம் நன்றாக இருந்தது, பிறகு மறுபடியும் அதே கதை. கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை இதற்குப் பயன்படுத்தவேண்டாம் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். அது பசையாக நின்று தூசியைப் பிடித்துவைக்கும். இரண்டாம் முறை என்கோடரையே மாற்றினோம். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் இ.சி.11 வகைதான் அது. ஆனால் தண்டின் நீளம், தண்டின் ஒருபக்கச் சீவல், ஒரு சுற்றுக்கு எத்தனை டிக், உள்ளே அழுத்தும் சுவிட்ச் உண்டா இல்லையா, இவை நான்கும் பழையதோடு ஒத்துப்போகவேண்டும். நான் அவசரப்பட்டு முதலில் வரவழைத்ததில் தண்டு ஐந்து மில்லிமீட்டர் நீளம். குமிழ் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. இரண்டாவது சரியாகப் பொருந்தியது. பாகத்துக்கு 85 ரூபாய், பெரியவருக்கு 400 ரூபாய். அதற்குமேல் வாங்க அவர் மறுத்துவிட்டார்.

பதினான்கு மாதங்கள் ஆகின்றன. ஒரு முழுச் சாரல் காலம் கடந்துவிட்டது, குமிழ் ஒரு படிகூடத் தவறவில்லை. பழையதைவிட டிக் சற்று இறுக்கமாக இருக்கிறது, கை பழகிக்கொண்டது. முதல் மழையில் ஆரியங்காவில் ஓர் அழுத்து அழுத்தி மூன்று டிக் திருகியபோது, கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வந்தது. அம்மா, "இனி என் சேலைக்கு வேலை இல்ல" என்றார்.

இதே வண்டியின் புதிய மாடலை இடையில் ஓட்டிப் பார்த்தேன். குமிழ்களை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் வைத்துவிட்டார்கள். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி திரையைப் பார்த்தால், இருபத்திரண்டு மீட்டர் தூரத்தைப் பார்க்காமலே கடந்திருப்போம். எஸ் வளைவில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். ஐரோப்பாவின் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப், உயர்ந்த மதிப்பெண் வேண்டுமென்றால் இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் தொட்டு இயக்கும் தனிக் கட்டுப்பாடு வேண்டும் என்று 2026 முதல் கேட்கிறது. கண்ணாடியைத் தெளியவைக்கும் பொத்தானும் அந்தப் பட்டியலில் இருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. அந்த உரிமையில் எனக்கு வேண்டியது மிகச் சிறியது: 85 ரூபாய்ப் பொருளுக்கு ஒரு பார்ட் நம்பர்.

தம்பி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு நல்ல வண்டியை நான் வேறு ஓட்டியதில்லை. என்னுடையதை விற்கப்போவதும் இல்லை. ஆனாலும் நீ வாங்கவேண்டாம் என்றே சொல்வேன். அந்த இரவு பட்டதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஒரு குமிழுக்காகப் பலகை முழுவதையும் மாற்றச் சொல்கிறவர்களின் வண்டிக்கு, உன் சேமிப்பைப் போடும்படி என் வாயால் சொல்ல வரவில்லை. இதையும் மீறி நீ எடுப்பதாக இருந்தால், எஞ்சினைத் திறந்து பார்ப்பதற்கு முன் உட்கார்ந்து அந்த இடது குமிழை வலப்பக்கம் முப்பது முறை, இடப்பக்கம் முப்பது முறை, வேகமாகவும் மெதுவாகவும் திருகிப் பார். திரையில் எண் ஒரு தடவை பின்னால் போனாலும் விலையில் குறைக்கச் சொல்லி, நேராகத் தென்காசிக்கு வா. பெரியவர் கடை செவ்வாய்க்கிழமை திறக்காது.