லூப் வீடியோவுக்கு எந்த பிளேயர்? கண்காட்சி போடுகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கண்காட்சியில் வீடியோ வைக்கப்போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "4கே ஓடுமா?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு. படம் முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் ஒட்டு தெரியுமா? காலையில் வாட்ச்மேன் மெயின் சுவிட்சைப் போட்டதும், வேறு யாரும் எதையும் தொடாமல் படம் தானாக வருமா? சென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கம் பழைய கிடங்கைப் பிடித்து மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு உப்புக் காற்றும் ஷீட் கூரையின் வெக்கையும் கூடுதல் தலைவலி.

டிவியின் யூஎஸ்பியில் பென் டிரைவைச் சொருகுவதற்குச் செலவே இல்லை. ஆனால் வீட்டு டிவிகள் பலவும் கரண்ட் போய் வந்ததும் சிவப்பு விளக்கோடு நின்றுவிடும், இல்லையென்றால் ஹோம் ஸ்கிரீனுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். யாராவது ரிமோட்டைத் தேடவேண்டும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் கறுப்பு இடைவெளி வரும், கூடவே கோப்பின் பெயரும் பட்டையாக வரும். "ஃபைனல்_புதுசு_2" என்று உங்கள் படைப்பின்மேல் எழுதிக் காட்டுவது யாருக்கும் அழகல்ல. சில மணி நேரம் ரிமோட் தொடாவிட்டால் அணைந்துவிடும் அமைப்பையும் மெனுவில் தேடி நிறுத்தவேண்டும். ஒருநாள் திறப்பு விழாவுக்குப் போதும், அவ்வளவுதான்.

மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ், லேப்டாப் இரண்டையும் ஒரே கூடையில் போடலாம். வீடியோ நன்றாகவே ஓடும். ஆனால் அப்டேட் அறிவிப்பும் வைஃபை கேட்கும் பெட்டியும் எப்போது திரையில் குதிக்கும் என்று சொல்லமுடியாது.

விலையையும் வேலையையும் சேர்த்துப் பார்த்தால், ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் நல்ல தேர்வு. புதிது என்பதற்காக பை 5 வாங்கவேண்டாம். எச்.264, எச்இவிசி இரண்டும் வீடியோவைச் சுருக்கும் முறைகள். சுருக்கியதை விரிக்கும் தனிச் சுற்று (ஹார்டுவேர் டிகோடர்) பை 5-இல் எச்.264-க்குக் கிடையாது, எச்இவிசிக்கு மட்டும்தான் உண்டு. 1080பி எச்.264 கோப்பை பிராசசர் சமாளித்துவிடும், ஆனால் மே மாதத்தில் ஷீட் கூரைக்குக் கீழே அந்தக் கூடுதல் சூடு தேவையா? பை 4-இல் 1080பி எச்.264, 4கே எச்இவிசி இரண்டுக்குமே ஹார்டுவேர் டிகோடர் இருக்கிறது.

பை கெட்டுப்போவதாகச் சொல்லப்படுவதில் பாதி பவரால் வருவது. 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் போட்டால் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, சிப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் திக்கும். மீதிப் பாதி மெமரி கார்டு. பையின் இயங்குதளமான லினக்ஸ் அதில் ஏதாவது ஒரு பதிவை எழுதிக்கொண்டே இருக்கும். எழுதும் நேரத்தில் வாட்ச்மேன் சுவிட்சை அணைத்தால் கோப்பமைப்பு சிதைந்து, மறுநாள் காலை பூட் ஆகாமல் போகலாம். மருந்து பையின் அமைப்பு மெனுவான ராஸ்பி-கான்ஃபிக்கிலேயே இருக்கிறது: கார்டில் எழுதவிடாமல் தடுக்கும் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கி, பூட் பகுதியையும் எழுதமுடியாதபடி பூட்டிவிடுங்கள். அதன்பின் எழுதுவதெல்லாம் கரண்ட் போனால் அழிந்துவிடும் ரேமில் போய்விடும், எப்போது பிடுங்கினாலும் கார்டுக்குப் பயமில்லை. ஒரு வம்பும் உண்டு. ஓவர்லே இயங்கும்போது புது வீடியோவை நகலெடுத்தால் அன்று முழுக்க அருமையாக ஓடும், மறுநாள் பழைய படமே வந்து நிற்கும். ஓவர்லேயை நிறுத்தி, ரீபூட் செய்து, நகலெடுத்து, மறுபடி இயக்கவேண்டும்.

பிளேயர் மென்பொருளில் விஎல்சியைவிட எம்பிவி மேல். விஎல்சி சுற்று முடியும்போது விடும் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். எம்பிவியை முடிவில்லா லூப்பில், முழுத்திரையில், தானே மறுபடி எழும் சிஸ்டம்டி சர்வீஸாக (லினக்ஸே தொடங்கிவைக்கும் பின்னணி வேலையாக) வையுங்கள். புரொஜெக்டர் பையைவிட மெதுவாக விழிக்கும். அதனால் திரையே இல்லை என்று பை முடிவுகட்டாமல் இருக்க, கேபிளை பவர் துளைக்குப் பக்கத்து எச்டிஎம்ஐயில் சொருகி, ரெசல்யூஷனை பூட் அமைப்பிலேயே கட்டாயமாக்கிவிடுங்கள்.

பிரைட்சைன் இந்த வேலைக்கென்றே செய்த பெட்டி. படத்தை மைக்ரோ எஸ்டி கார்டில் ஏற்றிச் சொருகினால் போதும். கரண்ட் வந்ததும் படம் வரும், டெஸ்க்டாப் என்ற ஒன்றே இல்லை. ஒட்டு தெரியாத லூப், விசிறி இல்லாத உடம்பு. விசிறி இல்லாதது கடலோரத்தில் பெரிய விஷயம், ஏனென்றால் விசிறிதான் உப்பையும் தூசியையும் உள்ளே இழுப்பது. விலை பையைப் போலப் பல மடங்கு. ஒரே திரை, ஒரு வாரம் என்றால் அந்தக் காசு வீண்.

இரண்டு மூன்று திரைகள் ஒன்றாக ஓடவேண்டுமென்றால் கணக்கு மாறுகிறது. தனித்தனி பிளேயர்களை ஒரே நேரத்தில் தட்டிவிட்டாலும் அவற்றின் கடிகாரங்கள் ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்துக்கு 20 பங்கு வித்தியாசம் இருந்தால், 8 மணி நேரத்தில் அரை நொடிக்கு மேல் விலகிவிடும். 25 பிரேம் படத்தில் அது 14 பிரேம். ஈதர்நெட் வழியாக ஒத்திசையும் பிரைட்சைன் மாடலுக்குக் கொடுக்கும் காசு இங்கே நியாயம்.

பைக்கும் பிரைட்சைனுக்கும் நடுவில் மீடியாவிஸ் ஸ்ப்ரைட் என்ற சின்னப் பெட்டி உண்டு. 1080பி, தானாகத் தொடங்கும், ஒட்டில்லாமல் சுற்றும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவேண்டும், கெட்டால் மாற்று உடனே கிடைக்காது.

எந்தப் பெட்டியானாலும் கோப்பு சரியில்லையென்றால் பயனில்லை. எம்பி4, எச்.264, 4:2:0 நிற அமைப்பு, நொடிக்கு 10 முதல் 20 மெகாபிட். படம் 25 பிரேம் என்றால் பிளேயரின் வெளியீட்டை 50 ஹெர்ட்ஸில் வையுங்கள். 60-இல் வைத்தால் கேமரா மெதுவாக நகரும் காட்சிகள் குதிக்கும். ஏஏசி முறையில் சுருக்கிய ஒலி, கோப்பின் தொடக்கத்தில் துளி மௌனத்தைச் சேர்க்கும். தொடர்ந்து இரையும் ஒலியில் அது 'டிக்' என்று கேட்கும். பிளேயர் ஏற்றால் சுருக்காத பிசிஎம் ஒலி, இல்லையென்றால் இரு முனையிலும் ஒலியை மங்கவிடுங்கள்.

படமே கறுப்பில் தொடங்கிக் கறுப்பில் முடிந்தால் ஒட்டு யாருக்கும் தெரியாது, மலிவுப் பெட்டியே போதும். அப்படி இல்லையென்றால் 5 நிமிடப் படத்தை 12 முறை ஒட்டி ஒரு மணி நேரக் கோப்பாக்கினால் இடைவெளி மணிக்கு ஒருமுறைதான். ஆனால் 15 மெகாபிட்டில் ஒரு மணி நேரம் 6.75 ஜிபி. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த கார்டு 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை ஏற்காது. தரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து 8 மெகாபிட் வைத்தால் 3.6 ஜிபி, உள்ளே அடங்கும்.

கார்டு ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ எங்கே வாங்கினாலும், எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுக்க நிரப்பிச் சோதியுங்கள். 64 ஜிபி என்று அச்சிட்ட போலிகள் 8-இல் நின்றுவிடும். பிளேயருக்கு ஒரு சின்ன யூபிஎஸ், எச்டிஎம்ஐ முனைகளுக்கு மாதம் ஒருமுறை கான்டாக்ட் கிளீனர். திறப்பு விழாவுக்கு முன் ஓடும்போதே மெயினைப் பத்து முறை பிடுங்கிப் போட்டுப் பாருங்கள். அப்புறம் அதே படம் ஏற்றிய இரண்டாவது கார்டை உறையில் போட்டு, வாட்ச்மேன் மேசையில் வையுங்கள்.