வெள்ளி முதல் திங்கள் வரை டெல்லி டூரா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

டெல்லி, ஆக்ரா பேக்கேஜ் புக் பண்ணப் போகிறவர்கள், அதுவும் வெள்ளிக்கிழமை தொடங்கித் திங்கட்கிழமை முடிகிற மாதிரி போகிறவர்கள், முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம் மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. வாராவாரம் இப்படித்தான். டெல்லிக்கு ஆள் அனுப்பிப் பிழைக்கிற எந்த டிராவல்ஸுக்கும் இது தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் எங்கள் தலையில் கட்டினார்கள்.

காந்தி ஜெயந்தி திங்கட்கிழமையில் வந்த வருஷம் அது. பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை. நானும் கணவரும், பதின்மூன்று வயதுப் பெண், ஒன்பது வயதுப் பையன், மாமியார், ஆக ஐந்து பேர். விமான டிக்கெட்டை நாங்களே எடுத்துவிட்டோம். தங்குமிடம், கார், கைடு, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய் கோயம்புத்தூரில் ஒரு டிராவல்ஸிடம் கட்டினோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. "அங்க போய் நீங்க பர்ஸையே எடுக்க வேண்டாங்க மேடம், எல்லாம் இதுலயே வந்துருது" என்றார் அங்கே இருந்தவர்.

அச்சடித்துத் தந்த திட்டத்தில் வெள்ளிக்கிழமை ஆக்ரா, தாஜ்மஹால். சனிக்கிழமை ஓய்வும் ஷாப்பிங்கும். ஞாயிறு அரை நாள் குதுப் மினார், இந்தியா கேட். திங்கட்கிழமை செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம். எந்த இடம் எந்த நாள் மூடியிருக்குமோ, சரியாக அந்த நாளில் அந்த இடம். ஏன் இப்படி என்பதை டிரைவர்தான் பிறகு போகிற போக்கில் சொன்னார். சனி, ஞாயிறில் ஆக்ரா வண்டிக்கு ஏக கிராக்கியாம். அந்த நாட்களில் வண்டி வேறு பார்ட்டிக்குக் கூடுதல் வாடகைக்குப் போய்விடும். வெள்ளியும் திங்களும் சும்மா நிற்கிற வண்டியை வெளியூர்க் குடும்பங்களுக்குத் தள்ளிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பி, யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் ஆக்ரா போய்ச் சேர்ந்தோம். ஊருக்குள் நுழைந்த பிறகுதான் கைடு ஏறினார். ஏறி உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் விஷயம், இன்று ஜும்மா, தாஜ்மஹால் மூடியிருக்கிறது. உள்ளே இருக்கிற மசூதிக்கு மதியத் தொழுகைக்குப் போகிற உள்ளூர்க்காரர்களை மட்டும்தான் விடுவார்களாம். கோயம்புத்தூருக்குப் போன் போட்டால், திட்டத்தின் பின்பக்கம் ஏழாவது நிபந்தனையைப் பார்க்கச் சொன்னார்கள். பொடி எழுத்தில், மூடியிருக்கும் இடங்கள் வெளியிலிருந்து காட்டப்படும் என்று இருந்தது.

சரி, ஆக்ரா கோட்டையாவது திறந்திருந்தது. ஷாஜகானை மகன் ஔரங்கசீப் கடைசி வரை அடைத்து வைத்த கோட்டை. அங்கிருக்கும் முசம்மன் புர்ஜ் என்ற கோபுரத்திலிருந்து ஆற்று வளைவுக்கு அந்தப் பக்கம் தாஜ்மஹால் தெரிகிறது. நிதானமாகச் சுற்றினால் அரை நாள் ஆகும். கைடு எங்களை நாற்பது நிமிஷத்தில் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அவசரம் எதற்கு என்பது சலவைக்கல் கடைக்குப் போன பிறகுதான் புரிந்தது. அங்கே இரண்டு மணி நேரம்.

வாசலில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையால் சுற்றும் சாணைச் சக்கரத்தில் நகக்கண் அளவு சிவப்புக்கல்லை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தாஜ்மஹாலைக் கட்டியவர்களின் பரம்பரை என்று அறிமுகம். உள்ளே டீ வந்தது. விளக்கை அணைத்துவிட்டு, பூ வேலை செய்த ஒரு தட்டுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார்கள். கல் அப்படியே ஒளிர்ந்தது. அசல் மக்ரானா சலவைக்கல் இப்படித்தான் வெளிச்சம் விடும், தாஜ்மஹாலும் இதே கல்தான் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் விளக்கைப் போட்டதும் எங்களை நகர்த்திக்கொண்டு போனது வேறு அலமாரிக்கு. உள்ளங்கை அளவு தாஜ்மஹால் 4,500 ரூபாய், நகைப்பெட்டி 6,000.

மாமியார் ஒரு பெட்டியைக் கையில் எடுத்தார். அடிப்பக்கம் திருப்பி, கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினார். நகத்தில் வெள்ளையாக மாவு ஒட்டியது. "இது மாக்கல்லு கண்ணு, நம்மூட்டுக் கல்சட்டி இதுலதான் செஞ்சது" என்று என்னிடம் சொன்னார். விற்பவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நகம் தெரிந்தது. பெட்டியை மெதுவாக வாங்கி உள்ளே வைத்துவிட்டார். மாக்கல்லில் செய்த பொருளை மாக்கல் என்று சொல்லி விற்றால் தப்பே இல்லை, வேலைப்பாடு நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு குடும்பம் அதையே சலவைக்கல் என்று நம்பி கார்டு தேய்த்துக்கொண்டிருந்தது. சலவைக்கல்லில் நகம் இறங்காது. கடைக்காரர் ஆயிரம் டார்ச் அடிக்கட்டும், நீங்கள் வாங்குகிற பொருளை நீங்களே கீறிப் பாருங்கள்.

ஒன்றும் வாங்கவில்லை என்றதும் கைடின் முகம் சுருங்கிப் போனது. சாயங்காலம் ஆற்றுக்கு அக்கரையில் மெஹ்தாப் பாக் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், தாஜ்மஹால் வியூ டிக்கெட் என்று தலைக்கு 200 ரூபாய் தனியாக வாங்கினார். கவுன்ட்டரில் போட்டிருந்த கட்டணம் அதில் ஒரு சிறு பங்குதான். அங்கிருந்து பார்க்க அழகாக இருந்ததை மறுக்கவில்லை. "உள்ள எப்பம்மா போவோம்?" என்று பையன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

தங்கும் விடுதியும் மாறியது. கரோல் பாக் என்று சொல்லிவிட்டு பஹார்கஞ்ச் சந்து ஒன்றில் இறக்கினார்கள். அதையெல்லாம் எழுதினால் இந்தப் பதிவு முடியாது.

திங்கட்கிழமை செங்கோட்டையின் லாஹோரி வாசலைச் சாலையிலிருந்து பார்த்தோம். தாமரைக் கோயிலைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். அக்‌ஷர்தாமுக்கு வண்டியை நிறுத்தக்கூட இல்லை, மேம்பாலத்தில் போகும்போதே கையைக் காட்டினார் டிரைவர். மீதி நேரத்துக்கு கவர்ன்மென்ட் எம்போரியம் என்று பலகை மாட்டிய கடைகள். இரண்டாவது கடை வாசலிலேயே இறங்கி வண்டியை அனுப்பிவிட்டோம். அரசு எம்போரியம் வேண்டும் என்றால் பாபா கரக் சிங் மார்க் சாலைக்குப் போங்கள். நம் பூம்புகார் உட்பட மாநிலங்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன, யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள்.

அப்புறம் ஆட்டோ பிடித்து ஹுமாயூன் கல்லறைக்குப் போனோம். அது எல்லா நாளும் திறந்திருக்கும். முழுப் பயணத்திலும் பிள்ளைகள் ஓடி விளையாடி, நாங்கள் உட்கார்ந்து பார்த்த ஒரே இடம் அதுதான். ஆர்.கே. புரம் மலை மந்திரில் முருகனையும் பார்த்துவிட்டு விமானம் ஏறினோம்.

ஊருக்கு வந்து, விவரமான பில் வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். நுழைவுக் கட்டணம் என்ற தலைப்பில் இப்படி இருந்தது: தாஜ்மஹால் ஐந்து பேருக்கு 1,250, செங்கோட்டை 500, தாமரைக் கோயில் 500, அக்‌ஷர்தாம் 500, இந்தியா கேட் 250, குதுப் மினார் 500. முதல் நான்கில் நாங்கள் காலே வைக்கவில்லை. தாமரைக் கோயிலுக்கும் அக்‌ஷர்தாமுக்கும் உள்ளே போக யாருக்குமே கட்டணம் கிடையாது, அக்‌ஷர்தாமில் கண்காட்சிகளுக்கு மட்டும்தான் சீட்டு. இந்தியா கேட் திறந்தவெளியில் நிற்கிற வளைவு, அதற்கு ஏது டிக்கெட்? தாஜ்மஹால், குதுப் மினார் போன்ற தொல்லியல் துறை இடங்களில் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். குதுப் மினாரில் எங்கள் பிள்ளைகளுக்குச் சீட்டே கொடுக்கவில்லை. பில்லில் மட்டும் தலைக்கு 100.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தோம். அதற்குப் பிறகுதான் டிராவல்ஸிலிருந்து போன் வந்தது. முதலில் அடுத்த டூரில் 5,000 தள்ளுபடி என்றார்கள். இன்னொரு டூரா! பில்லை வரிவரியாகப் படித்துக் காட்டியதும் 3,200 ரூபாயைத் திருப்பினார்கள். மற்றதற்கெல்லாம் அதே ஏழாவது நிபந்தனைதான் பதில். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய சேவைக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். பில், திட்டத் தாள், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள்.

நான்கு நாள் கிடைத்தால் ஆக்ராவைச் சனி அல்லது ஞாயிறில் கேளுங்கள். கூட்டம் இருக்கும், ஆனால் தாஜ்மஹாலைச் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே திறந்துவிடுகிறார்கள், அப்போது போய்விட்டால் சமாளிக்கலாம். டிக்கெட்டை இந்தியத் தொல்லியல் துறை இணையதளத்தில் நீங்களே எடுங்கள். இந்தியர்களுக்கு 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்குள் போகத் தனியாக 200. செங்கோட்டை, அக்‌ஷர்தாமை வெள்ளியில் வையுங்கள், குதுப் மினாரையும் ஹுமாயூன் கல்லறையையும் திங்களுக்கு ஒதுக்குங்கள். இந்த வரிசைக்கு வண்டி கிடையாது என்று டிராவல்ஸ் சொன்னால் வேறு டிராவல்ஸ் பாருங்கள். ஆணையத்தில் என்ன ஆகிறது என்று தெரிந்ததும் எழுதுகிறேன்.