சார் சியு வீட்டில்: ஓவனா, வாணலியா, ஏர் ஃப்ரையரா?

சிங்கப்பூரில் எந்த உணவங்காடி நிலையத்துக்குப் போனாலும், கண்ணாடிப் பெட்டிக்குள் கொக்கியில் தொங்கும் சார் சியு என்னும் அந்தச் சிவப்புப் பன்றி இறைச்சி கண்ணில் படும். பக்கத்தில் வறுத்த வாத்து, மொறுமொறுத் தோலோடு சியு யுக் என்னும் சுட்ட பன்றி இறைச்சி. சோறு, நாலைந்து வெள்ளரித் துண்டு, மேலே ஒரு கரண்டி சாறு. அப்படிச் சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் எனக்குச் சார் சியு மேல் ஆசை வந்தது. வீட்டிலும் செய்யத் தொடங்கி, ஓவன், வாணலி, ஏர் ஃப்ரையர் மூன்றிலும் பலமுறை செய்துவிட்டேன். ஊறவைக்கும் கலவை ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும் ருசி மூன்று விதம்.

கன்டோனிய மொழியில் 'சா' என்றால் கவை, 'சியு' என்றால் சுடுவது. நீளமாக வெட்டிய இறைச்சியைக் கவையில் குத்தி நெருப்பில் சுட்டதால் வந்த பெயர். இன்றைய ஹாங்காங் கடைகளில் உயரமான உருளை அடுப்புக்குள் கொக்கியில் தொங்கவிடுகிறார்கள். தொங்குவதால் நாலா பக்கமும் சூடு படுகிறது, கொழுப்பு உருகிக் கீழே சொட்டுகிறது, மேலே தடவிய இனிப்பு காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் எந்த முறையைப் பார்த்தாலும் இந்த மூன்றும் நடக்கிறதா என்றுதான் முதலில் கவனிப்பேன்.

அடுப்புக்கு முன்னால் இறைச்சி. இதில் தவறினால் எந்த அடுப்பும் காப்பாற்றாது. கழுத்தை ஒட்டிய தோள் பகுதிதான் என் தேர்வு. கன்டோனியக் கடைக்காரர்கள் அதை 'முய் தாவ்' என்பார்கள். சதைக்கு நடுவே மெல்லிய கோடுகளாகக் கொழுப்பு ஓடும். சூட்டில் அது உருகி உள்ளேயே ஈரம் காக்கும். வயிற்றுப் பகுதியில் கொழுப்பு அடுக்கடுக்காக இருக்கும், அது வாணலிக்குப் பொருத்தம். கொழுப்பே இல்லாத முதுகுச் சதையைச் சிலர் உடம்புக்கு நல்லது என்று வாங்குகிறார்கள். வெந்ததும் நார் நாராக வறண்டுவிடும், வேண்டாம். ஹாங்காங்கில் சார் சியு கேட்பவர்கள் 'பாதிக் கொழுப்பு, பாதிச் சதை' என்று சொல்லி வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

துண்டு 4 முதல் 5 சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும். ஈரச்சந்தையில் கேட்காவிட்டால் மெல்லியதாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். மெல்லிய துண்டு மேலே நிறம் பிடிப்பதற்குள் உள்ளே வெந்து காய்ந்துவிடும்.

ஊறவைக்க, ஒரு கிலோவுக்கு என் அளவு: சர்க்கரை 70 கிராம், ஹோய்சின் சாஸ் (இனிப்பும் உப்பும் கலந்த கெட்டிச் சோயா சாஸ்) 2 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 2, சிப்பி சாஸ் 1, ஷாவோசிங் அரிசி மது 2, உப்பு ஒரு தேக்கரண்டி, ஐந்து மசாலாத் தூள் அரைத் தேக்கரண்டி, தட்டிய பூண்டு நாலு பல், 'நாம் யு' என்னும் சிவப்புப் புளிக்கவைத்த தோஃபு இரண்டு கட்டி. ஐந்து மசாலாவில் அன்னாசிப்பூ, கிராம்பு, பட்டை, சோம்பு நம் வீட்டு டப்பாவில் ஏற்கெனவே இருப்பவைதான், சிச்சுவான் மிளகு மட்டும்தான் வாங்க வேண்டும். ஓர் இரவு ஃப்ரிட்ஜில் ஊறினால் போதும்.

நிறத்துக்காகச் சிவப்புச் சாயம் விடுபவர்கள் உண்டு. நான் நாம் யு பக்கம். அதன் சிவப்பு, சிவப்பு ஈஸ்ட் அரிசியிலிருந்து வருகிறது. நிறத்தோடு கொஞ்சம் உப்பும், பாலாடைக்கட்டி போன்ற ஒரு புளித்த வாசமும் சேரும். சாயத்தில் கண்ணுக்குச் சிவப்பு கிடைக்கும், நாக்குக்கு ஒன்றுமில்லை.

சரி, ஓவன். 200 டிகிரி செல்சியஸ், கம்பித் தட்டின் மேல் இறைச்சி, அடியில் ஒரு டிரேயில் அரை அங்குலம் தண்ணீர். இந்தத் தண்ணீரை மறக்கவே கூடாது. சொட்டும் சர்க்கரையும் கொழுப்பும் சூடான டிரேயில் விழுந்தால் கருகி, வீடு முழுக்கப் புகை. 25 நிமிடம், திருப்பிப் போட்டு 15 நிமிடம். அப்புறம் இனிப்புப் பூச்சைத் தடவி, சூட்டைக் கூட்டி, 5 நிமிடம் வீதம் இரண்டு முறை. உள்ளே 63 டிகிரி வந்து மூன்று நிமிடம் ஆறினாலே பாதுகாப்பானதுதான். ஆனால் கழுத்துப் பகுதி 75 டிகிரியை நெருங்கும்போதுதான் பல்லுக்கு இதமாகிறது. தெர்மாமீட்டர் இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. சூடு சுற்றிப் படுவது, கொழுப்பு சொட்டுவது, பூச்சு காய்வது என்று நான் கேட்ட மூன்றும் ஓவனில் நடக்கின்றன. கடை ருசிக்கு மிக அருகில் வருவது இதுதான். ஓரங்கள் லேசாகக் கருகி, நடுவில் சாறு நிற்கும்.

பூச்சில் தேனா, மால்டோஸ் என்னும் தானியச் சர்க்கரைப் பாகா என்பது பெரிய கேள்வி. முதல் முறை நான் தேனை ஆரம்பத்திலேயே தடவினேன். உள்ளே வேகும் முன்பே மேலே கறுத்துவிட்டது. தேனில் உள்ள பழச்சர்க்கரை சீக்கிரம் நிறம் மாறும், சீக்கிரம் கருகும். மால்டோஸ் அவ்வளவு இனிக்காது, பசை போல் கெட்டியாக இருப்பதால் வழிந்து ஓடாது, கடையில் பார்க்கும் அந்தக் கண்ணாடிப் பளபளப்பும் அதனால்தான். ஸ்பூனை நனைத்துக்கொண்டு எடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு வராது. கொஞ்சம் வெந்நீரில் இளக்கினால் தடவலாம். கிடைக்காவிட்டால் தேன் போதும், கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும். ஊறவைத்த கலவையைப் பூச்சில் சேர்ப்பதாக இருந்தால் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே சேர்க்க வேண்டும். பச்சை இறைச்சி கிடந்த கலவை அது.

வாணலி முறையை எனக்குக் காட்டியவர் கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அங்கே பல கடைகளில் சார் சியு சிவப்பாக இருக்காது, கரும்பழுப்பில் மினுங்கும். வயிற்றுப் பகுதியை நாம் யு இல்லாமல், கறுப்புச் சோயா சாஸ் சேர்த்து ஊறவைத்து, பாதி மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, மூடி, சின்னத் தீயில் 40 நிமிடம். பிறகு மூடியைத் திறந்து சுண்டவிட வேண்டும். தண்ணீர் வற்றியதும் மிஞ்சுவது சர்க்கரையும் இறைச்சியின் சொந்தக் கொழுப்பும்தான். அந்தக் கடைசிப் பத்து நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது. "திருப்பிக்கிட்டே இரு, ஃபோன் வந்தா எடுக்காதே" என்று ஆன்ட்டி சொன்னார். பாகு நுரைத்து, கெட்டியாகி, துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும்போது ஓரங்களில் கறுப்பு விழும். அங்கே அணைக்க வேண்டும், அரை நிமிடம் தாமதித்தால் கசக்கும்.

என் மூன்று கேள்விகளில் இரண்டில் வாணலி தோற்றுவிடுகிறது. சூடு அடியிலிருந்து மட்டும், கொழுப்பும் வெளியேறுவதில்லை. சுட்ட வாசமும் வராது. இருந்தும் எனக்கு இது மிகவும் பிடிக்கும். ஓவன் சார் சியுவோடு இதை ஒப்பிட்டுக் குறை சொல்வதே தவறு என்று இப்போது நினைக்கிறேன். பாகு இறைச்சிக்குள் இறங்கி, கடிக்கும்போது பிசுபிசுவென்று கரைகிறது. வான்டன் நூடுல்ஸுக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. காஸ் அடுப்பு மட்டும் உள்ள வீட்டில் தயக்கமில்லாமல் இதையே செய்யலாம், கருகுகிறதா என்று கண்ணெதிரே தெரியும் என்பது பெரிய வசதி.

ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் 20 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்ப வேண்டும். இரண்டு பேருக்குச் சரி. கூடை சின்னது, துண்டுகள் ஒன்றையொன்று தொட்டால் அந்த இடம் வெளுத்துப்போகும். காற்று வேகமாக அடிப்பதால் பூச்சு காய்ந்து நுனிகள் கருகுகின்றன, நடுப்பகுதியோ வேகாமல் இருக்கும். நேற்றுச் செய்ததைச் சூடுபண்ண மட்டும் இதற்கு இணை இல்லை. 160 டிகிரியில் 4 நிமிடம் போதும், ஓரம் மறுபடி மொறுமொறுக்கும்.

ஆகவே ஓவன் இருந்தால் கழுத்துப் பகுதியும் மால்டோஸும், இல்லாவிட்டால் வயிற்றுப் பகுதியும் வாணலியும். எதில் செய்தாலும் எடுத்தவுடன் வெட்டாதீர்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே, விரல் கனத்தில் வெட்டுங்கள். பலகையில் வழியும் சாற்றைச் சோற்றின் மேல் ஊற்றிவிடலாம். மிஞ்சியதைப் பொடியாக நறுக்கி, மறுநாள் முட்டையும் வெங்காயத்தாளும் போட்டுச் சோறு வறுத்தால் பிள்ளைகள் தட்டைக் காலி செய்துவிடுவார்கள்.