மட்டக்களப்பு கெயார்கிவர் கோர்ஸ்: பயிற்சிக்குப் போங்கள், லண்டன் பெக்கேஜுக்குக் காசு கட்டாதீர்கள்

டவுனில் கெயார்கிவர் (முதியோர், நோயாளர் பராமரிப்பாளர்) பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் அண்மையில் கோர்ஸ் முடித்தேன். நல்லதா, கட்டுகிற காசுக்குப் பெறுமதியா, லண்டன் அனுப்புவார்களா என்று தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லாரும் கேட்டபடி இருப்பதால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயர் போடவில்லை. இதே பாடத்தையும் இதே லண்டன் வாக்குறுதியையும் சேர்த்து விற்கிற இடங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன, நீங்கள் எதற்குப் போனாலும் நான் சொல்வதை வைத்துச் சரி பார்த்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு 5 இல் 4 கொடுப்பேன். அதற்குப் பிறகு வருகிற லண்டன் பெக்கேஜுக்கு, அதாவது காசு வாங்கிக்கொண்டு பிரித்தானியாவில் கெயார் வேலை எடுத்துத் தருவதாகச் சொல்வதற்கு, ஒரு புள்ளியும் கொடுக்கமாட்டேன்.

நான் சேர்ந்தது லண்டனுக்காக இல்லை. என் கணவரின் அப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார், அவரைப் புரட்டிப் படுக்கவைக்கவும் குளிப்பாட்டவும் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்றுதான் போனேன். வகுப்பில் மற்ற எல்லாரும் வந்தது கெயார் விசாவுக்கு. செங்கலடி, களுவாஞ்சிகுடி, ஏறாவூர், அக்கரைப்பற்று என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள்: ஏஎல் முடித்த பிள்ளைகள், கம்பஸ் முடித்துவிட்டு நியமனம் வரும் வரும் என்று காத்திருந்து களைத்தவர்கள், ஒரு முன்பள்ளி ரீச்சர், 2022 பொருளாதார நெருக்கடியில் கடையை மூடிய ஒரு அண்ணா. இவர்களோடு ஒரே வாங்கில் இருந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பயிற்சி. படிப்பித்தவர் ஓய்வுபெற்ற நேர்ஸ் மிஸ் ஒருவர், அவருக்காகவே இந்தக் கோர்ஸுக்குப் போகலாம். படுக்கையில் கிடப்பவரைப் பக்கம் மாற்றாமல் விட்டால் புண் முதலில் எங்கே வரும், அமத்திப் பார்த்தாலும் வெளிறாத சிவப்பு ஏன் ஆபத்து, விழுங்கக் கஷ்டப்படுபவரை எந்த அளவுக்கு நிமிர்த்தி வைத்து எந்தப் பதத்தில் கஞ்சி கொடுக்க வேண்டும், மறதி நோய் வந்த ஒரு அம்மா "என்ட தாலிக்கொடிய நீதான் எடுத்தாய்" என்று சண்டை பிடிக்கும்போது எதிர்த்துக் கதைக்காமல் எப்படி அவரோடு சேர்ந்து தேட வேண்டும், இதையெல்லாம் எங்களையே கட்டிலில் படுக்கவைத்துச் செய்து காட்டினார். முதுகை வளைத்துத் தூக்கப் போனால் "முழங்காலை மடி மகள், இடுப்பால தூக்காத" என்று பிடித்து நிறுத்துவார். மாமாவின் குதிக்காலில் தொடங்கியிருந்த புண் இப்போது காய்ந்துவிட்டது, எனக்கும் இடுப்பு நோவு குறைந்துவிட்டது. எனக்கு இது போதும்.

குறையும் இருக்கு. நோயாளியைத் தூக்குகிற ஹொய்ஸ்ட் வீடியோவில்தான் வந்தது, தொட்டுப் பார்க்கவில்லை. இங்கிலீஷ் வகுப்பு என்று சொன்னது நேர்முகத்தில் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு விடையைப் பாடமாக்குவதுதான், வாய் திறந்து கதைக்கப் பழக்கவில்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை சான்றிதழ். கையில் கிடைப்பது நிறுவனமே அச்சடித்த ஒன்று, என்விகியூ எனப்படும் தேசிய தொழிற்தகைமை இல்லை. அது வேண்டுமென்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்து, அந்தக் கோர்ஸுக்கே அங்கீகாரம் எடுத்த இடமாக இருக்க வேண்டும். காசு கட்ட முதல் அந்தப் பதிவை நேரில் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டமுடியாவிட்டால் அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களில் விசாரியுங்கள்.

அப்புறம் லண்டன் விஷயம். கோர்ஸ் முடியப் போகும் நேரத்தில் ஒவ்வொருவராக ஒபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். என் மச்சாளும் என்னோடு படித்தவள், அவள் போனபோது நானும் கூடப் போனேன். "லண்டன்ல லட்சத்துக்கு மேல கெயார் வேலை சும்மா கிடக்கு தங்கச்சி, வெள்ளைக்காரர் ஒருத்தரும் செய்யமாட்டாங்க, நாங்கதான் போகணும். 5 லட்சம் அட்வான்ஸ் கட்டினா சிஓஎஸ் புக் பண்ணிடலாம்" என்றார் அங்கிருந்த பெண். சிஓஎஸ் என்பது அங்குள்ள முதலாளி விசாவுக்காகக் கொடுக்கும் ஸ்பொன்சர் சான்றிதழ். மொத்தம் 35 லட்சம் ரூபாய். மிச்சத்தை விசா வந்த பிறகு கட்டலாமாம்.

இதில் லட்சத்துக்கு மேல் வேலை காலி என்பது உண்மை, அதனால்தான் ஆட்கள் நம்புகிறார்கள். இங்கிலாந்தில் முதியோர், நோயாளர் பராமரிப்பில் 2021/22 இல் ஏறத்தாழ 1,65,000 இடங்கள் காலியாகக் கிடந்தன. அதற்காகத்தான் 2022 பெப்ரவரியில் கெயார் வேக்கரையும் ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்த்து வெளிநாட்டு ஆட்களுக்குக் கதவைத் திறந்தார்கள். 2024/25 இலும் 1,11,000 இடங்கள் காலி. ஆனால் காலி இடம் இருப்பது வேறு, அந்த இடத்துக்கு எங்களை எடுக்கச் சட்டம் இருப்பது வேறு. 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாமல் செய்தார்கள். 2025 ஏப்ரலில், வெளியிலிருந்து ஆள் எடுக்க முதல், ஸ்பொன்சரை (விசாவுக்குப் பொறுப்பு நிற்கிற முதலாளியை) இழந்து உள்ளுக்குள்ளேயே நிற்கிறவர்களை எடுக்கப் பார்க்க வேண்டும் என்று இங்கிலாந்து முதலாளிமாருக்கு நிபந்தனை போட்டார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கெயார் வேக்கர் எடுப்பதே நின்றுவிட்டது, சீனியர் கெயார் வேக்கரும் சேர்த்துத்தான். ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் சில நிபந்தனைகளோடு உள்ளுக்குள் விசா மாற 2028 ஜூலை வரை இடம் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே மட்டக்களப்பில் இருந்துகொண்டு இன்றைக்குப் புதிதாகக் கெயார் விசாவுக்கு சிஓஎஸ் புக் பண்ணலாம் என்று ஒருவர் காசு கேட்டால், அவர் விற்பது இல்லாத சாமான்.

அந்த ஒபீஸில் இதைச் சொன்னேன். "அது நியூஸ்ல அப்படித்தான் சொல்லுவாங்க, ஆள் இல்லாம அவங்களால இருக்க ஏலாது, திரும்பத் திறப்பாங்க" என்றார்கள். எந்த கெயார் ஹோம், ஸ்பொன்சர் லைசன்ஸ் யாருடைய பெயரில் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமப் பத்திரம் சுவரில் இல்லை, கேட்டும் காட்டவில்லை. முற்பணத்துக்குத் தரும் பற்றுச்சீட்டை வாங்கிப் பார்த்தேன்: "ஆலோசனைக் கட்டணம், மீளளிக்கப்படமாட்டாது". லண்டன் என்றோ விசா என்றோ ஒரு சொல் அதில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது அந்தச் சீட்டைப் பார்த்தபோதுதான், ஏனென்றால் காசு திருப்பிக் கேட்டு ஆள் வரும் என்று தெரிந்தே அதை அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

கதவு திறந்திருந்த காலத்திலும் இந்தக் கணக்கு நியாயமில்லை. பிரித்தானியச் சட்டப்படி, வேலை தேடித் தருவதற்கு வேலை தேடுபவரிடம் ஏஜென்சி காசு வாங்கக்கூடாது, 1973 இலிருந்தே அப்படித்தான். சிஓஎஸ் கட்டணம் முதலாளி கட்ட வேண்டியது, அதைத் தொழிலாளியின் தலையில் போடக்கூடாது என்று 2024 கடைசியில் இன்னும் இறுக்கினார்கள். சுகாதார, பராமரிப்பு விசாவுக்கு மூன்று வருடம் வரைக்குமான கட்டணம் 2024 இல் 300 பவுணுக்கும் குறைவு, மற்ற விசாக்காரர் அங்குள்ள அரச மருத்துவத்துக்காகக் கட்டுகிற சுகாதார மேலதிகக் கட்டணம் இதற்குக் கிடையாது. அதோடு இங்கிலீஷ் பரீட்சை, கொழும்பில் காசநோய்ப் பரிசோதனை, டிக்கெட். 35 லட்சத்தில் மிச்சம் யாருக்குப் போகிறது என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். தாலிக்கொடியை அடகு வைத்து, காணியை ஈடு வைத்து எடுக்கிற காசு அது.

சரி, போனவர்கள் நிலைமை? எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருவர் 2023 இல் போனார். ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 39 மணித்தியாலம் என்று இருந்தது, போன பிறகு கொடுத்தது அதில் பாதியும் இல்லை, கேட்டால் ஸ்பொன்சரை நிறுத்துவோம் என்று வெருட்டினார்கள். இது ஒருவருக்கு நடந்த கதை இல்லை. 2022 ஜூலை முதல் 2024 கடைசி வரை 470 க்கும் மேற்பட்ட கெயார் நிறுவனங்களின் ஸ்பொன்சர் லைசன்ஸை அந்த அரசாங்கம் பறித்திருக்கிறது, அவற்றோடு தொடர்புபட்ட தொழிலாளர்கள் 39,000 க்கு மேல். லைசன்ஸ் போனால் வேறு ஸ்பொன்சர் தேட 60 நாள்தான் பொதுவாகக் கொடுப்பார்கள். பிழை முதலாளியுடையது, நாட்டை விட்டுப் போ என்ற கடிதம் வருவது 35 லட்சம் கடனோடு நிற்கிற பிள்ளைக்கு. இது சரியான அநியாயம். நிரந்தர வதிவிடத்துக்கு இருந்த ஐந்து வருடத்தை கெயார் வேக்கர் போன்றவர்களுக்கு 15 வருடமாக்கும் யோசனையையும் 2025 நவம்பரில் கொண்டுவந்திருக்கிறார்கள்.

வகுப்பில் அடிக்கடி எழும்பிய கேள்வி ஒன்று: அங்கே வேலையில்லாமலும் ஆட்கள் இருக்கிறார்கள், வேலைக்கு ஆளும் இல்லை என்கிறார்கள், இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும்? இரண்டும் உண்மைதான். பிரித்தானியாவில் வேலையின்மை 2025 கடைசியில் 5 வீதத்தைத் தாண்டியது. படிப்பிலும் இல்லாமல் வேலையிலும் இல்லாமல் இருக்கிற 16 முதல் 24 வயதுப் பிள்ளைகள் 9 லட்சத்துக்கு மேல். நீண்டகால வருத்தத்தால் வேலை தேடாமலே இருக்கிறவர்கள் ஏறத்தாழ 28 லட்சம், இவர்கள் வேலையின்மைக் கணக்கிலேயே வரமாட்டார்கள். இன்னொரு பக்கம் கெயார் வேலைக்குக் கிடைக்கிற சம்பளம் சட்டப்படியான ஆகக்குறைந்த கூலிக்குக் கொஞ்சம் மேலே, 2025 ஏப்ரலில் அந்தக் கூலி மணித்தியாலத்துக்கு 12.21 பவுண். இரவு வேலை, மலசலம் துடைப்பது, வீடு வீடாக ஓடுவது, இதெல்லாம் செய்கிறவருக்கு சுப்பர் மார்க்கெட்டில் நின்றாலும் கிட்டத்தட்ட அதே காசு கிடைக்குமென்றால் யார் நிற்பார்? நாலில் ஒருவர் அளவில் ஒவ்வொரு வருடமும் அந்த வேலையை விட்டுப் போகிறார்கள். சம்பளத்தைக் கூட்டுவதென்றால் பராமரிப்புக்குக் காசு கொடுக்கிற உள்ளூராட்சிச் சபைகளிடம் காசு இல்லை. அந்த ஓட்டையைத்தான் நைஜீரியா, இந்தியா, சிம்பாப்வே, இலங்கைப் பிள்ளைகளை வைத்து அடைத்தார்கள். வெளிநாட்டவர் வரவு 2023 இல் உச்சத்துக்குப் போய், வெளியேறியவர்களைக் கழித்தும் வருடத்துக்கு 9 லட்சத்தைத் தாண்டியதும் அரசியல் சூடாகி, 2025 மே மாதம் வெள்ளை அறிக்கை (அரசின் கொள்கைத் திட்டம்) போட்டு, உங்கள் நாட்டு ஆட்களை முதலில் பழக்குங்கள் என்று முதலாளிமாருக்குச் சொல்லிவிட்டார்கள்.

தன் நாட்டுப் பிள்ளைகளைப் பழக்கி வேலை கொடுக்க நினைப்பதில் நான் பிழை காணவில்லை, எங்கள் அரசாங்கமும் அதைத்தான் செய்ய வேண்டும். சம்பளத்தைச் சரிசெய்யாமல் கதவை மட்டும் பூட்டினால் கட்டிலில் கிடக்கிற அவர்களின் அம்மா அப்பாவை யார் பார்ப்பது என்பதுதான் என் கேள்வி. ஒருவேளை ஆள் இல்லாமல் திரும்பத் திறக்கலாம். திறந்தால் அப்போது பார்ப்போம். திறக்கலாம் என்பதை நம்பி ஒருவரும் இன்றைக்கு 5 லட்சம் கொடுக்க வேண்டியதில்லை.

படித்தது வீணாகாது. எங்களோடு படித்த ஒரு பிள்ளை இப்போது கல்லடியில் தனியாக இருக்கிற ஒரு பாட்டியைப் பார்க்கிறாள், பிள்ளைகள் கனடாவில், மாதம் மாதம் ஒழுங்காகச் சம்பளம் அனுப்புகிறார்கள். ஆரையம்பதி, களுவாஞ்சிகுடிப் பக்கமும் இப்படி ஆள் தேடுகிற வீடுகள் நிறைய. பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போன ஊர்களில் வயது போனவர்களைப் பார்க்க ஆள் இல்லை என்பது இங்கேயும் வந்துவிட்டது, பழகின ஒருவரை விட்டால் பிடிக்க முடியாது. வெளிநாடுதான் போக வேண்டுமென்றால், ஜப்பானில் கெயார்கிவர் வேலைக்கு ஜப்பான் மொழியும் திறன் பரீட்சையும் பாஸ் பண்ணி முறையாகப் போகிற வழி இருக்கு, கஷ்டம்தான், ஆனால் உண்மையான வழி. முழுத் தகைமை பெற்ற நேர்ஸ்மாருக்கு பிரித்தானியா இன்னும் திறந்திருக்கிறது, அதற்கு அங்குள்ள தாதியர் சபையில் பதிவு எடுக்க வேண்டும், மூன்று மாதக் கோர்ஸால் அது முடியாது. மச்சாள் 5 லட்சம் கட்டவில்லை, என்விகியூ வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள்.

ஏற்கெனவே கட்டினவர்கள் வெட்கப்பட்டு ஒளித்து வைக்காதீர்கள். பற்றுச்சீட்டு, பேங்க் ஸ்லிப், வட்ஸ்அப்பில் வந்த வொய்ஸ், விளம்பரப் படம், எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். சீட்டில் ஆலோசனைக் கட்டணம் என்று போட்டிருந்தாலும் லண்டன் வேலைக்கென்று வாங்கினதை அந்த வொய்ஸ் காட்டும். உரிமம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்குக் காசு வாங்குவது 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டப்படி குற்றம். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து முதலில் அந்த ஏஜென்சிக்கு உரிமம் இருக்கா என்று கேளுங்கள், இல்லையென்றால் அதிலேயே முறைப்பாட்டுக்கும் வழி கேளுங்கள். ஒரே இடத்தில் கட்டின நாலைந்து பேர் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. எங்கள் வகுப்பில் கட்டின இரண்டு பேர் இப்போது முறைப்பாடு எழுதுகிறார்கள், கூட வரவேண்டுமென்றால் கொமெண்டில் சொல்லுங்கள்.