கிரான் டூரிஸ்மோ 7: அரை வண்டி இடைவெளியில் மல்லுக்கட்ட லாயக்கா?

இந்த கார் பந்தய கேமில் வெளியான அன்றே 400க்கு மேல் வண்டிகள் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மச்சானோடு கடைசி லேப் வரை உரசிக்கொண்டே ஓட்ட, அதில் நாலைந்துதான் லாயக்கு. வாங்குகிற பலரும் ஃபெராரி, போர்ஷே என்று ஆரம்பித்து, மூன்றாவது லேப்பில் ஒருவர் மண்ணில், இன்னொருவர் அரை கிலோமீட்டர் முன்னால் என்று ஆனதும் "போர் அடிக்குது" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கேமில் குறையில்லை. வண்டியைத் தேர்ந்தெடுத்ததில்தான் குறை. ஆகவே நெருக்கமான இருவர் போட்டிக்கு இது எப்படி என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

பாலிஃபனி டிஜிட்டல் செய்த இது 4 மார்ச் 2022 அன்று சோனியின் பிளேஸ்டேஷன் 4, 5 (பிஎஸ்4, பிஎஸ்5) இரண்டுக்கும் வந்தது. வெளியானபோது பிஎஸ்5 டிஸ்க் ₹4,999. ஒரே டிவியில் இரண்டு பேர் ஓட்டும் வசதி ஆரம்பத்திலிருந்தே உண்டு. நவம்பர் 2023 அப்டேட்டுக்குப் பிறகு பிஎஸ்5-இல் நான்கு பேர் வரை ஓட்டலாம், ஆனால் 43 இஞ்ச் டிவியை நாலாகப் பிரித்தால் அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரிவதே பெரிய விஷயம். இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரே டிவியில் ஓட்ட பிஎஸ் பிளஸ் சந்தா வேண்டாம், ஆன்லைனில் அடுத்தவரோடு ஓட்ட அந்தச் சந்தா தேவை.

மெதுவான வண்டியில்தான் போட்டி சூடு பிடிக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இரண்டு வண்டிக்கும் நடுவே 0.1 விநாடி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 2.8 மீட்டர். ஸ்விஃப்ட்டின் நீளமே நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதால், பின்னால் இருப்பவரின் மூக்கு முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அதே 0.1 விநாடி 250 வேகத்தில் கிட்டத்தட்ட 7 மீட்டர், அதாவது முழு வண்டியும் முன்னால் போய், நடுவில் இரண்டு மீட்டருக்கு மேல் வெறும் ரோடு தெரியும். ஓட்டுகிறவரின் திறமை வித்தியாசம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் கதவோடு கதவு சண்டை நடக்கிறது, இரண்டாவதில் துரத்தல் மட்டும்தான்.

வண்டிக்கு முதல் சிபாரிசு சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் '17. மதுரையில் தெருவுக்கு நாலு ஸ்விஃப்ட் நிற்கிறதே, அதன் முரட்டு அண்ணன் இது, இந்தியாவில் விற்கவில்லை. 1.4 லிட்டர் டர்போ, 140 குதிரைத்திறன், 970 கிலோ. முன்சக்கர இழுவை என்பதால் தப்பு செய்தாலும் சுழலாது, வளைவில் வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். கொஞ்சம் கை பழகியவர்களுக்கு யூனோஸ் ரோட்ஸ்டர் '89. 1.6 லிட்டர், 120 குதிரைத்திறன், பின்சக்கர இழுவை. இதில் வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை அவசரமாக அழுத்தினால் வால் வீசும், எதிராளிக்கு வழி திறக்கும். புதிதாக கேம் போட்டவர்களுக்கு இரண்டுமே உடனே கையில் இருக்காது. முதல் மெனு புத்தகத்திலேயே (கேம் வரிசையாகத் தரும் பணிப்பட்டியல்) கிடைக்கும் ஆக்வா, ஃபிட், டெமியோ மூன்றும் அதுவரை தாங்கும், ஆனால் இருவரும் ஒரே வண்டியை எடுக்க வேண்டும். ஆளுக்கொரு வண்டி எடுத்தால் தோற்றவர் வண்டியைக் குறை சொல்லியே தப்பித்துவிடுவார்.

டயர்தான் அடுத்த பெரிய முடிவு. காய்ந்த ரோட்டுக்கு கம்ஃபர்ட், ஸ்போர்ட்ஸ், ரேசிங் என்று மூன்று ரகம், ஒவ்வொன்றிலும் ஹார்ட், மீடியம், சாஃப்ட். ரேசிங் சாஃப்ட் போட்டு ஸ்விஃப்ட்டை ஓட்டுவது ரோட்டில் பசை தடவி ஓட்டுகிற மாதிரி. பிரேக் பிடிக்கும் தூரம் சுருங்கிவிடுவதால் முந்த இடமே கிடைக்காது. கம்ஃபர்ட் மீடியம் போட்டால் பிரேக் தூரம் நீளும். யார் கடைசி வரை தைரியமாக இருக்கிறார், யார் பத்து மீட்டர் முன்னாலேயே பயந்து பிடிக்கிறார் என்பது அங்கேதான் தெரியும்.

பந்தய அமைப்புகளுக்குள் போய் முதலில் 'பூஸ்ட்'டை அணைக்க வேண்டும். அது பின்தங்கியவருக்குக் கூடுதல் வேகம் கொடுத்து இடைவெளியைச் செயற்கையாகக் குறைக்கிற ஏற்பாடு. குழந்தைகளோடு ஓட்டும்போது சரி, பெரியவர்கள் பந்தயம் கட்டி ஓட்டும்போது முன்னால் இருப்பவருக்கு அநியாயம். ஸ்லிப்ஸ்ட்ரீமை 'ரியல்' என்று வைக்கலாம். திருச்சி நாலு வழிச்சாலையில் பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கில் ஒட்டிப் போனால் காற்று அடிக்காமல் வண்டி இழுக்குமே, அதுதான் இது. 'ஸ்ட்ராங்' வைத்தால் ஒவ்வொரு ஸ்ட்ரெயிட்டிலும் பின்னால் இருப்பவர் சும்மா முந்திக்கொண்டு போவார், வளைவில் யார் நன்றாக ஓட்டினார் என்பதற்கு மதிப்பே இருக்காது. டிராக்ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்காமல் இன்ஜின் சக்தியைக் குறைக்கும் உதவி) இருவருக்கும் 1, ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் உதவி) டிஃபால்ட், ரோட்டில் ஓட்டுக்கோடு காட்டும் உதவி இருவருக்கும் அணைப்பு. டிராக்ஷனை 3-க்கு மேல் வைப்பவர் வளைவு முடிந்து வெளியே வரும்போது இன்ஜின் மூச்சைத் தானே அடைத்துக்கொள்கிறார். ஒரே மாதிரி ஓட்டியும் பின்தங்குகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

டிராக்குக்கு சுகுபா. ஜப்பானில் இருக்கும் 2.045 கிலோமீட்டர் சின்ன டிராக். ஏழெட்டு லேப் ஓட்டினாலும் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். இதன் அருமை கடைசிப் பகுதியில் இருக்கிறது. இரண்டாவது ஹேர்பின் (யு-டர்ன் மாதிரியான வளைவு) வலது பக்கம் திரும்பும், பிறகு பின்பக்க ஸ்ட்ரெயிட், அதன் முடிவில் மறுபடி வலதுபக்கம் நீளமாகச் சுற்றும் கடைசி வளைவு. எதிராளி ஹேர்பினில் உங்களுக்கு உள்பக்கம், அதாவது வலது பக்கமாக மூக்கைச் சொருகிவிட்டார் என்று வையுங்கள். புதியவர்கள் அங்கேயே மல்லுக்கு நின்று, இருவரும் அகலமாகப் போய் நேரத்தை இழப்பார்கள். செய்ய வேண்டியது வேறு. அவரை விட ஐந்தாறு மீட்டர் முன்னதாகவே பிரேக் பிடித்து, வெளிப்பக்கத்தில் வண்டியை நன்றாக மெதுவாக்கி, அவரை முன்னே போக விடுங்கள். தாமதமாகப் பிரேக் பிடித்ததால் அவர் வண்டி தானாக இடதுபக்கம் அகன்று போகும். அந்த நொடியில் அவர் வாலுக்குப் பின்னால் குறுக்கே வெட்டி வலது பக்கம் வந்து, ஸ்டீயரிங் நேரானதும் முழு ஆக்ஸிலரேட்டர். ஸ்ட்ரெயிட்டில் அவருக்கு இணையாகப் போகும்போது வலப்பக்கம் உங்களுடையது. அடுத்த வளைவும் வலப்பக்கம்தான். இப்போது உள்பக்கம் உங்களுக்கு, வெளியே நின்று யோசிக்க வேண்டியது அவர்.

இதையே ஜப்பானின் இன்னொரு டிராக்கான ஃபூஜியில் செய்தால் சரிப்படாது. அங்கே ஸ்ட்ரெயிட் 1,475 மீட்டர். ஸ்லிப்ஸ்ட்ரீமில் பின்னால் இருப்பவர்தான் ராஜா, கடைசி லேப்பில் முன்னால் போக யாருமே விரும்பமாட்டார்கள். ஆனால் முடிவுக்கோடு ஸ்ட்ரெயிட்டின் கடைசியில் இல்லை, அதற்கு முன்பே வந்துவிடும். முதல் வளைவுக்கு முந்துகிற பழக்கத்தில் காத்திருந்தால் கோடு போய்விடும். கடைசி லேப்பில் மட்டும் சீக்கிரமே விலகி வெளியே வர வேண்டும்.

டயர் தேய்மானத்தை ஐந்து மடங்கு வைத்துப் பத்து லேப் ஓட்டினால் ஸ்விஃப்ட்டில் முன்டயர்கள்தான் முதலில் வீணாகும். திருப்புவதும் இழுப்பதும் பிரேக்கின் பெரும்பங்கும் அவற்றின் தலையில்தான். அப்போது டி-பேடில் (கன்ட்ரோலரின் திசைப் பொத்தான்கள்) பிரேக் பேலன்ஸை, அதாவது முன்-பின் சக்கரங்களுக்குப் பிரேக் பங்கிடும் அளவை எடுத்து பின்பக்கம் +1 அல்லது +2 தள்ளினால் வளைவுக்குள் வண்டி திரும்பும். +4 என்று பேராசைப்பட்டால் பிரேக்கோடு திருப்பும்போது பின்பக்கம் கழன்று, நேராக மண்ணுக்குள் போய் நிற்கும்.

இனி சண்டைக்கு முக்கியக் காரணம்: யார் இடித்தது? கோரிப்பாளையம் சிக்னலில் ஷேர் ஆட்டோ சொருகுகிற மாதிரி, தூரத்திலிருந்து பிரேக்கே பிடிக்காமல் உள்ளே பாய்ந்து எதிராளியின் கதவில் மோதி நின்றுகொள்வது இந்த கேமில் சுலபம். வீட்டுக்குள் ஒரு விதியை முன்கூட்டியே பேசிவைத்தால் போதும். வளைவில் ஸ்டீயரிங் திருப்பும் நேரத்தில் உள்ளே வருபவரின் மூக்கு குறைந்தது அடுத்தவரின் கதவுவரை வந்திருந்தால் இடம் விட வேண்டும், வரவில்லை என்றால் உள்ளே வரக் கூடாது. ஆன்லைன் ஸ்போர்ட் மோடில் கேமே தண்டனை கொடுக்கிறது. குறித்த இடத்தைத் தாண்டும்போது வண்டி தானாக மெதுவாகி, மற்றவர்கள் ஊடுருவிப் போகிற ஆவி வடிவமாகிறது. ஆனால் இடித்தவரையும் இடிபட்டவரையும் கேம் எப்போதும் சரியாகப் பிரித்தறிவதில்லை. இது இந்த கேமின் உண்மையான பலவீனம். நல்ல நடத்தைக்கான எஸ்ஆர் மதிப்பெண்ணை எஸ் வரை ஏற்றி வைத்தால் கொஞ்சம் நாகரிகமான ஆட்கள் கிடைப்பார்கள்.

ஆன்லைனில் ஓட்டுகிறவர்கள் வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் போடுவது கட்டாயம். 200 வேகத்தில் 0.1 விநாடி தாமதம் என்றால் 5.6 மீட்டர். எதிராளியின் வண்டி திரையில் இருக்கும் இடமும் உண்மையில் இருக்கும் இடமும் ஒரு முழு வண்டி நீளம் தள்ளி இருக்கும். உரசாமலே "இடிச்சுட்ட" என்று திட்டு விழுவது இதனால்தான். டிவிக்கும் இதே கணக்கு. படத்தை மெருகேற்றும் வேலைகளை டிவி செய்துகொண்டிருந்தால் பிரேக் தாமதமாகத் தெரியும். ரிமோட்டில் 'கேம் மோட்' போட்ட பிறகு பிரேக் புள்ளியைப் புதிதாகப் பழக வேண்டியிருக்கும், நல்லதுக்குத்தான்.

கேமின் பெரும்பகுதி இணையம் இல்லாமல் திறக்காது. மார்ச் 2022-இல் சர்வர் பராமரிப்பு 30 மணி நேரத்துக்கு மேல் நீண்டபோது காசு கொடுத்து வாங்கியவர்களெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று அறிவிக்கும் நாளில் போட்டி வைக்காதீர்கள். மற்ற நாள் கண்சிமிட்டும் கரண்டுக்கு, வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் யூபிஎஸ் மோட் ஸ்விட்சைப் போட்டால் பெரும்பாலும் பிஎஸ்5 அணையாது. சாதாரண மோடில் மாறும் நேரம் அதிகம், அணைந்துவிடும், ஓடிக்கொண்டிருந்த பந்தயமும் போச்சு. விளையாடும்போது பிஎஸ்5 சுமார் 200 வாட் இழுக்கும், டிவியோடு சேர்த்து 600 விஏ யூபிஎஸ் சில நிமிடம் தாங்கும். மோடத்தையும் அதிலேயே சொருகுங்கள்.

கன்ட்ரோலரா, ஸ்டீயரிங் வீலா? பிஎஸ்5 கன்ட்ரோலரின் எல்2 பொத்தான் ஏபிஎஸ் வேலை செய்யும்போது விரலில் அதிரும். அந்த அதிர்வு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் அழுத்தி நிறுத்தக் கற்றவர்கள் வீல் வைத்திருப்பவர்களை ஸ்விஃப்ட்டில் தாராளமாக அடிக்கலாம். வீல் வாங்கினால் நம் வீட்டுத் தரைதான் வில்லன். லாஜிடெக் ஜி29 பெடல் பலகையின் அடியில் இருக்கும் பற்கள் கார்ப்பெட்டைப் பிடிப்பதற்கானவை, டைல்ஸிலும் கிரானைட்டிலும் வழுக்கிக்கொண்டு ஓடும். இதன் பிரேக் பெடல் வேறு கெட்டி, ஓங்கி மிதிக்க வேண்டும். பெடலுக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தால் அசையாது. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் பிரேக் மிதிக்க மிதிக்க நீங்கள் பின்னால் போவீர்கள். சக்கரங்களைப் பழைய ஷூக்களுக்குள் இறக்கி வைத்தால் நிற்கும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

மச்சான் ஊருக்குப் போய்விட்டால் பழக ஜிடி சோஃபி இருக்கிறது. நவம்பர் 2023 முதல் பிஎஸ்5-இல் சில டிராக்குகளில் கிடைக்கும் செயற்கை நுண்ணறிவு எதிராளி. கேமின் பழைய கம்ப்யூட்டர் வண்டிகள் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் போகும், இது உள்ளே நுழைய இடம் பார்க்கும், முந்திய பிறகு திருப்பி அடிக்கும்.

செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்குகிறவர்கள் கடையிலேயே அட்டையில் பிஎஸ்5 என்று இருக்கிறதா, பிஎஸ்4 என்று இருக்கிறதா என்று பாருங்கள், பிஎஸ்5 டப்பாவின் மேற்பட்டை வெள்ளை, பிஎஸ்4-இல் நீலம். உள்ளே இலவச வண்டிக்கான குறியீட்டு எண் இருந்தாலும் அது ஏற்கெனவே பயன்பட்டிருக்கும், அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகத் தராதீர்கள். டிஸ்க்கைச் சாய்த்து விளக்கொளியில் பார்த்து, வட்டமாகச் சுற்றிவரும் கீறல் இருந்தால் வேண்டாம் என்றுவிடுங்கள். வீட்டில் போட்டதும் டிரைவில் 100 ஜிபிக்கு மேல் இடம் கேட்கும், அதோடு அப்டேட்டும் இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டி என்றால் சனிக்கிழமை ராத்திரியே போட்டுவிட்டுப் படுங்கள்.