பர்கண்டியா, அல்சாஸா: திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்ட எது?

பிரான்சில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, கார் தொல்லை இல்லாமல் சில நாள் சைக்கிள் ஓட்ட வேண்டும், வழியில் பழைய ஊர்களும் வர வேண்டும் என்றால் கடைசியில் இரண்டு பெயர்கள்தான் போட்டியில் நிற்கும்: பர்கண்டி, அல்சாஸ். இரண்டிலும் ஓட்டியிருக்கிறேன். மறுபடி போவதற்கு நான் டிக்கெட் எடுத்திருப்பது பர்கண்டிக்கு. அதனால் நடுநிலையான தீர்ப்பை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அல்சாஸ்தான் மேல் என்று சொல்கிறவர்கள் பக்கமும் நியாயம் நிறைய இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

லுவார் எங்கே என்று சிலர் கேட்பீர்கள். சுமார் 900 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆற்றங்கரைப் பாதை அருமையானதுதான், ஏற்றமும் கிடையாது. ஆனால் அது ஆற்றையும் அரண்மனைகளையும் பார்த்தபடி போகிற பாதை. திராட்சைத் தோட்டம் என்று பார்த்தால் வூவ்ரே, சினோன், சோமூர் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். கொடிகளுக்காகவே போகிறவர்களுக்கு அது இரண்டாம் பட்சம்.

அழகு, வழிகாட்டிப் பலகைகள், தங்குமிடம் இதெல்லாம் இரண்டு பகுதியிலும் நன்றாகவே இருக்கின்றன. அதில் நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை.

முதலில் அல்சாஸ். வடக்கே மார்லென்ஹைமில் தொடங்கி வோஜ் மலையடிவாரத்தை ஒட்டி முலூஸ் பக்கம் வரை சுமார் 130 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் வழி போகிறது. 1953-ல் காருக்காக வகுத்த ஒயின் சாலைக்குப் பக்கத்திலேயே, தோட்டங்களுக்குள் புகுந்து புகுந்து போகும். ஊர்கள் என்று எடுத்துக்கொண்டால் அல்சாஸுக்கு ஈடு சொல்ல முடியாது. எகிஷைமில் வீதிகள் வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றி வருகின்றன. கைசர்ஸ்பெர்க், நோபல் பரிசு பெற்ற மருத்துவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1875-ல் பிறந்த ஊர். ரிக்விர் பல நூற்றாண்டுக்கு முன் எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் மிதித்தால் பென்விர் வரும், அங்கே பழைய வீடு ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் 1944 டிசம்பர் சண்டையில் அந்த ஊர் தரைமட்டமாகி, பிறகு புதிதாகக் கட்டப்பட்டது. ஒரே மதியத்தில் இந்த இரண்டு ஊர்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பது காரில் போகிறவருக்கும் கிடைக்கும்தான், ஆனால் சைக்கிளின் வேகத்தில் அந்த வித்தியாசம் மனதில் அழுத்தமாக இறங்குகிறது.

அல்சாஸுக்கு இன்னும் இரண்டு பலம் உண்டு. வோஜ் மலை மேற்கிலிருந்து வரும் மழையைத் தடுத்துவிடுவதால் கொல்மார் பிரான்சிலேயே மழை குறைவான நகரங்களில் ஒன்று. அடுத்தது, ஒயின் சுவைக்கிற வசதி. ஊருக்குள் பல தோட்டக்காரர்கள் வாசலிலேயே பலகை மாட்டி வைத்திருப்பார்கள், உள்ளே போய் ரீஸ்லிங்கோ கெவூர்ஸ்ட்ராமினரோ கேட்டால் ஊற்றித் தருவார்கள். பர்கண்டியில் பெயர் பெற்ற தோட்டக்காரர் வீட்டில் அப்படி நுழைய முடியாது, முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும், விலையும் எட்டாத உயரம். ஒயின்தான் பயணத்தின் மையம் என்றால் யோசிக்காமல் அல்சாஸ் போங்கள். (எங்கே குடித்தாலும், பிரான்சில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் பொருந்தும்.)

குறை என்று பார்த்தால் கூட்டம். கோடையில் காலை பத்து மணிக்கு மேல் ரிக்விர் போன்ற ஊர்களில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நின்றுவிட்டால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கத்தான் முடியும். ஊருக்கு ஊர் ஏறி இறங்குவதும் உண்டு. ஒவ்வொரு ஏற்றமும் சிறியதுதான், ஆனால் பெட்டி படுக்கையோடு போனால் மாலைக்குள் கால் கணக்குச் சொல்லிவிடும். எகிஷைமுக்குத் தெற்கே நான் அதிகம் ஓட்டியதில்லை, அந்தப் பக்கம் கூட்டம் குறைவு என்று கேள்வி.

சரி, பர்கண்டிக்கு வருவோம். போன் நகரத்திலிருந்து சான்தனே வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு, திராட்சைத் தோட்டங்களுக்கு உள்ளேயே போகும் ஒரு பாதை இருக்கிறது. பொமார், வொல்னே, மெர்சோ, புலினி-மொன்ராஷே என்று ஒயின் பாட்டிலின் லேபிளில் பார்த்த பெயர்களெல்லாம் ஊர்ப் பலகைகளாக ஒவ்வொன்றாக வரும். சாலை இரைச்சல் கிடையாது. டி974 என்கிற பெரிய சாலை கீழே சமவெளியில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், நீங்கள் மேலே கல் மதில்களுக்கு நடுவே இருப்பீர்கள்.

இவ்வளவு பாதைகள் எப்படி வந்தன என்பதற்கும் காரணம் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியில் மடங்களின் நிலம் ஏலத்துக்குப் போனது, அப்புறம் சொத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்கச் சொன்ன நெப்போலியன் காலச் சட்டம் வந்தது, தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்கள் துண்டு துண்டாயின. சிஸ்டர்சியன் துறவிகள் மதில் கட்டி வளர்த்த க்ளோ த வூஜோ என்ற தோட்டம் ஐம்பது ஹெக்டேர்தான் இருக்கும், இன்று அதற்கு எண்பது பேர் போல உரிமையாளர்கள். ஒவ்வொருவரும் தன் வரிசைக்குப் போக வழி வேண்டும், அதனால் சரிவு முழுவதும் டிராக்டர் பாதைகள். அந்தப் பாதைகளில்தான் நாம் ஓட்டுகிறோம். 2015-ல் யுனெஸ்கோ உலக மரபாக அறிவித்ததும் இந்தத் துண்டு துண்டான நில அமைப்பைத்தான். பாதை பெரும்பாலும் காங்கிரீட், அங்கங்கே இணைப்புகளில் தட்டும். 25 மில்லிமீட்டர் டயரில் போகலாம், 32 இருந்தால் கை வலிக்காது. செப்டம்பர் அறுவடைச் சமயத்தில் கொடி வரிசையின் இருபுறமும் சக்கரம் வைத்து நகரும் உயரமான டிராக்டர்கள் எதிரே வரும். அது அவர்கள் வேலை செய்யும் இடம், ஒதுங்கி வழிவிடுவது நம் கடமை.

இனி, எனக்கு முடிவை எடுத்துக் கொடுத்த விஷயம்: ரயில்.

டிஜோனிலிருந்து லியோன் போகும் பழைய ரயில் பாதை இந்தத் திராட்சைச் சரிவின் காலடியிலேயே ஓடுகிறது. ஜெவ்ரே-ஷாம்பெர்தான், வூஜோ, நுயி-சான்-ஜோர்ஜ், போன், மெர்சோ, ஷான்யி, ஷலோன் என்று வரிசையாக நிலையங்கள். டி.இ.ஆர் எனப்படும் வட்டார ரயிலில் சைக்கிளைக் கழற்றாமல் அப்படியே ஏற்றலாம். இதனால் என்ன ஆகிறது என்றால், பயணத்தின் அமைப்பே மாறிவிடுகிறது. ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு ஊரில் அறை, காலையில் மூட்டை கட்டுதல், பக்கப் பைகளின் எடை, மழை வந்தாலும் அன்றைய தூரத்தை முடித்தே ஆக வேண்டிய கட்டாயம், எதுவும் இல்லை. போன் நகரத்தில் ஒரே அறை. காலையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அது முதுகைத் தள்ளும் திசையில் ஒரு வழி மட்டும் ஓட்டிவிட்டு, மாலையில் ரயிலில் திரும்பலாம். வடக்கிலிருந்து காற்று என்றால் சான்தனே, அங்கிருந்து கனால் து சாந்தர் கால்வாய்க் கரையோடு ஷான்யி, ஷலோன். தெற்கிலிருந்து காற்று என்றால் காலையிலேயே ரயிலில் ஷலோன் போய் இறங்கி, அங்கிருந்து வீடு நோக்கி மிதிக்கலாம். முழங்கால் வலித்தால், செயின் அறுந்தால், கூட வந்தவருக்குப் போதும் என்றாகிவிட்டால், அடுத்த நிலையம் சில கிலோமீட்டரில் இருக்கும். ஒரே வேகத்தில் ஓட்டாத இரண்டு பேர் சேர்ந்து போகும்போது இது எவ்வளவு பெரிய நிம்மதி! ஒருவர் மெர்சோவில் ரயில் ஏறிவிடலாம், மற்றவர் இருட்டும்வரை ஓட்டலாம், இரவுச் சாப்பாட்டுக்கு இருவரும் ஒரே மேசையில்.

பாரிசிலிருந்து வருவதும் இதே காரணத்தால் எளிது. டி.ஜி.வி விரைவு ரயிலில் சைக்கிளை ஏற்ற, ஒன்று கழற்றி 130-க்கு 90 சென்டிமீட்டர் பைக்குள் அடக்க வேண்டும், அல்லது சில ரயில்களில் மட்டும் இருக்கும் சைக்கிள் இடத்தை முன்பதிவு செய்ய வேண்டும். பர்கண்டிக்கோ பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து டிஜோன் வழியாக லியோன் போகும் டி.இ.ஆர் இருக்கிறது. டிஜோனுக்கே மூன்று மணி நேரம் போல ஆகும், டி.ஜி.வி பாதி நேரத்தில் போய்விடும், ஆனாலும் ஒரு போல்ட் கூடக் கழற்றாமல் போன் நகரத்தில் இறங்கி, நிலைய வாசலிலேயே ஏறி உட்கார்ந்து மிதிக்கலாம். விடுமுறைக் காலத்தில் சைக்கிள் பெட்டி நிரம்பிவிடுவதுண்டு, வெள்ளி மாலையைத் தவிர்த்தால் நல்லது.

அல்சாஸில் ரயில் இல்லையா? இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. ஸ்ட்ராஸ்பூர்க், செலஸ்தா, கொல்மார், முலூஸ் பாதையில் டி.இ.ஆர் அடிக்கடி உண்டு. ஆனால் அது சமவெளியில் போகிறது, தோட்டங்கள் மலையடிவாரத்தில். வடக்கே ஓபர்னே, பார் போன்ற ஊர்களில் நிலையம் இருக்கிறது. எல்லோரும் பார்க்கத் துடிக்கிற ரிபோவில்லே, ரிக்விர், கைசர்ஸ்பெர்க் பகுதிக்குள் ரயில் கிடையாது, அலுத்துப்போன பிறகு கீழே இறங்கி நிலையம் தேடிப் போக வேண்டும். நல்ல காலில் அது ஒன்றும் பெரிய தூரமல்ல. மழையில், பசியில் பெரிய தூரம்தான். ஜெர்மனியிலிருந்தோ சுவிட்சர்லாந்திலிருந்தோ வருகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். பாசலிலிருந்து வட்டார ரயிலிலேயே கொல்மார் வந்துவிடலாம் என்பதால் அவர்களுக்கு அல்சாஸ்தான் கைக்கெட்டும் தூரம்.

பர்கண்டியிலும் ரயில் கைவிடும் ஒரு பகுதி உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஷலோனுக்கு மேற்கே ஜிவ்ரியிலிருந்து கொர்மத்தான் வழியாக க்ளூனி வரை 44 கிலோமீட்டர், 1997-ல் திறந்த பாதை, பிரான்சின் முதல் பசுமைவழி, அதாவது மோட்டார் வண்டிகள் வராத பாதை. பழைய ரயில் தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் போட்டது என்பதால் ஏற்றமே தெரியாது, பிள்ளைகளோடு போக இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. ஆனால் ரயில் போனது போனதுதான், நடுவில் அலுத்தால் தப்பிக்க வழி குறைவு. க்ளூனியைப் பார்க்க அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளலாம். 910-ல் நிறுவிய மடம் அது, ரோமில் இன்றைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயம் இங்கேதான் இருந்தது. புரட்சிக்குப் பிறகு கல் விற்பவர்கள் கையில் போய், இன்று ஒரு சிறு பகுதிதான் மிச்சம். அங்கே தங்கிவிட்டு மறுநாள் மாக்கோன் வரை ஓட்டினால் மறுபடி ரயில் கிடைக்கும்.

சாப்பாட்டில் சைவம் பார்க்கிறவர்களுக்கு இரண்டு இடமும் கஷ்டம்தான். அல்சாஸில் மெல்லிய மாவில் க்ரீமும் வெங்காயமும் பரப்பிச் சுடும் தார்த் ஃப்ளாம்பேயைப் பன்றி இறைச்சி இல்லாமல் கேட்டு வாங்கலாம், அந்த அளவில் அல்சாஸ் ஒரு படி மேல். பர்கண்டியில் ரொட்டி, சீஸ், பழம் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது உத்தமம், மதியம் இரண்டு மணிக்கு மேல் சின்ன ஊர்களில் அடுப்பு அணைந்துவிடும். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், அநேகமாக ஒரு குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின் சைக்கிளில் நான் எங்கும் ஓட்டியதில்லை, ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை என்றால் அல்சாஸின் குறைகளில் ஒன்று கழிந்துவிடும் என்று மட்டும் தோன்றுகிறது.

போகிற மாதத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மே, ஜூன், செப்டம்பர் பிற்பாதி. குளிர்காலத்தில் க்ளூனிக்கும் மாக்கோனுக்கும் நடுவே உள்ள 1.6 கிலோமீட்டர் புவா க்ளேர் சுரங்கத்தை வௌவால்களுக்காக மூடிவிடுவார்கள், மலையேறிச் சுற்ற வேண்டும். நவம்பர் மூன்றாம் ஞாயிறு போன் நகரத்தில் ஓஸ்பீஸ் மருத்துவமனையின் ஒயின் ஏலம். 1443-ல் கட்டத் தொடங்கிய அந்த வண்ண ஓட்டுக் கூரையைப் பார்க்க மற்ற எந்த வாரமும் போகலாம். அந்த ஒரு வாரம் மட்டும் அறை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை தாங்காது.