அனலாக் லேஅவுட்டில் டிகோடர் இன்ஜின்: நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

16.5 மி.மீ. தண்டவாளம், 12 வோல்ட் டிசி, சுவிட்ச் போட்டு அணைக்கும் தண்டவாளப் பகுதிகளான பிளாக்குகள். இப்படிப்பட்ட பழைய எச்ஓ அளவு மாடல் ரயில் லேஅவுட்டில், அதாவது தண்டவாள வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து வேகம் மாற்றும் அனலாக் முறையில், டிசிசி டிகோடர் வைத்த இன்ஜின்களைப் பல வருடம் ஓட்டியதில் தெரிந்தவை இவை. டிசிசி என்பது தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை; அதைப் படித்து மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சிறு சர்க்யூட்தான் டிகோடர். சுருக்கமாகக் கேட்டால், ஓடும். ஆனால் கன்ட்ரோலர் சரியில்லை என்றாலும் பழி டிகோடர் மேல்தான் விழும்.

முதலில் எல்லோரையும் குழப்புவது, கன்ட்ரோலரின் வேகக் குமிழைப் பாதி திருப்பியும் இன்ஜின் அசையாமல் நிற்பது. சாதாரண டிசி இன்ஜின் 2, 3 வோல்ட்டிலேயே நகர ஆரம்பித்துவிடும். டிகோடர் இருந்தால் மின்சாரம் அதன் பிரிட்ஜ் ரெக்டிஃபையரை (மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்பும் டையோடுகள்) தாண்ட வேண்டும்; அங்கேயே சுமார் 1.4 வோல்ட் போய்விடும். மிச்சத்தை வைத்துத்தான் உள்ளிருக்கும் பிராசஸர் விழிக்க வேண்டும். அதனால் ஒலி இல்லாத டிகோடர் ஏறக்குறைய 5 முதல் 7 வோல்ட்டில் கிளம்பும். ஒலி டிகோடருக்குப் பெரும்பாலும் 7 முதல் 9 வோல்ட் ஆகும். மொத்த வேகமும் கடைசி 4, 5 வோல்ட்டுக்குள் அடங்கிவிடுவதால் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பப் பழக வேண்டும். உச்ச வேகமும் சற்றுக் குறையும். எச்ஓவில் பலர் எக்ஸ்பிரஸ் ரயிலை ராக்கெட் மாதிரி விரட்டுகிறார்கள். அவர்களுக்கு இது நல்லதுதான்.

கன்ட்ரோலர் விஷயத்துக்கு வருவோம். தொல்லையில் பெரும்பங்கு இங்கேதான். பழைய ரியோஸ்டாட் வகை, அதாவது மின்தடையைக் கூட்டிக் குறைத்து வேகம் மாற்றுவது, டிகோடருக்கு ஆகவே ஆகாது. நிற்கும்போது டிகோடர் சில பத்து மில்லி ஆம்ப்தான் எடுக்கும். அதனால் குமிழ் கீழே இருந்தாலும் தண்டவாளத்தில் கிட்டத்தட்ட முழு வோல்டேஜ் நிற்கும். டிகோடர் விழித்து மோட்டாரை ஓட்டியதும் கரன்ட் ஏறும், வோல்டேஜ் சரியும், டிகோடர் அணையும். அணைந்ததும் வோல்டேஜ் மறுபடி ஏறும். விக்கி விக்கி ஓடும் இன்ஜினைப் பார்த்து டிகோடர் பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் முதலில் கன்ட்ரோலரை மாற்றிப் பார்க்கலாம்.

பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் இன்னும் மோசம். அது முழு வோல்டேஜைத் துண்டு துண்டாக அனுப்பும். டிகோடருக்கு அது டிசியாகவும் தெரியாது, டிசிசி சிக்னலாகவும் தெரியாது. உதறும், விளக்கு மினுக்கும், சில சமயம் திடீரென முழு வேகத்தில் பாயும். மோட்டாரின் வேகத்தைக் கவனித்து மின்சாரத்தைத் திருத்தும் ஃபீட்பேக் வகைக் கைக் கன்ட்ரோலர்களும், பழைய கன்ட்ரோலர் பெட்டிகளில் ஏசி அலையின் பாதியை மட்டும் அனுப்பும் ஹாஃப்-வேவ் சுவிட்சும் இதே ரகம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 'டிசி மோட்டார் ஸ்பீடு கன்ட்ரோலர்' போர்டுகள் அநேகமாக எல்லாமே பிடபிள்யூஎம்தான்; அவற்றை வாங்க வேண்டாம்.

வோல்ட்மீட்டர் 12 என்று காட்டுவதையும் அப்படியே நம்ப முடியாது. கெப்பாசிட்டர் வைத்துச் சமன் செய்யாத ஃபுல்-வேவ் டிசியில் (ஏசி அலையின் இரு பாதிகளையும் ஒரே திசைக்குத் திருப்பியது) மீட்டர் காட்டுவது சராசரி. சராசரி 12 என்றால் உச்சி 18.8 வோல்ட். 16 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மரின் உச்சி 22.6, லோடு குறைவாக இருந்தால் அதற்கும் மேல். டிகோடர் கையேட்டில் உள்ள அதிகபட்ச டிராக் வோல்டேஜை இந்த உச்சியோடு ஒப்பிட வேண்டும். மூன்று தண்டவாள ஏசி முறையில், திசை மாற்ற ஒரு கணம் அதிக வோல்டேஜ் அனுப்புவதால், ஆபத்து இன்னும் பெரிது: 220 வோல்ட்டுக்குச் செய்த பழைய டிரான்ஸ்ஃபார்மரை 230-இல் போட்டுத் திசை மாற்றும் பொத்தானை அழுத்தினால், அந்த ஓர் அடியே டிகோடரை எரித்துவிடலாம். உயர் அதிர்வெண்ணில் வேலை செய்யும் எலக்ட்ரானிக் டிராக் கிளீனரையும் கழற்றிவிடுங்கள்.

நன்றாக ஒத்துப்போவது சுத்தமான, சமன்செய்த டிசி. 15 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர், எல்எம் 317 ரெகுலேட்டர், 240 ஓம் ரெசிஸ்டர், குமிழுக்கு 2.5 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், திசை மாற்ற நடுவில் ஆஃப் உள்ள டிபிடிடி சுவிட்ச், இவ்வளவு போதும். ரெகுலேட்டரிலேயே 2 வோல்ட் போக, 13 வரை கிடைக்கும். ஹீட்சிங்க் அவசியம்: 7 வோல்ட்டில் அரை ஆம்ப் ஓடும்போது 4 வாட் சூடு அதில் இறங்கும். ஷார்ட் ஆனால் அது தானே கரன்ட்டைக் கட்டுப்படுத்திக்கொள்ளும்.

ஒலி டிகோடரில் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராதீர்கள். வோல்டேஜ் அறுந்தால் டீசல் சத்தமும் சட்டென்று அறுந்துவிடும், மறுபடி தொடக்கத்திலிருந்துதான் வரும். 6 வோல்ட் அளவில் விட்டால் ஐட்லிங் சத்தத்தோடு நிற்கும். அந்த இடத்தைக் குமிழில் டேப் ஒட்டிக் குறித்துவைப்பது நல்லது. ஹார்னும் மணியும் நினைத்தபோது அடிக்க முடியாது. அதற்காகத்தான் ஒலி டிகோடருக்குப் பணம் கொடுத்தோம் என்பவர்களுக்கு அனலாக் ஏமாற்றம்தான்.

நிறுத்தத்துக்கு முன் ரெசிஸ்டர் வைத்து வேகம் குறைக்கும் பிளாக்குகள் வேலை செய்யாது. மெதுவாவதற்குப் பதில், வரம்புக்குக் கீழே வந்ததும் இன்ஜின் குத்தி நிற்கும். மின்சாரம் அறுந்தாலும் டிகோடரைச் சற்று நேரம் ஓடவைக்கும் கீப்-அலைவ் கெப்பாசிட்டர் இருந்தால் நேர்மாறு: அணைத்த பிளாக்குக்குள்ளும் ஓடிப்போய் சிக்னலைத் தாண்டும். அனலாக்கில் அதைத் துண்டித்துவிடுங்கள். டிகோடர் உள்ளதையும் இல்லாததையும் சேர்த்து இரட்டை இன்ஜினாகப் பூட்டுவதும் வீண். ஒன்று 3 வோல்ட்டில் இழுக்க ஆரம்பிக்கும், மற்றது 7 வரை சும்மா இழுபடும்.

அனலாக்கில் அசையவே மறுக்கும் இன்ஜினுக்கு முதல் சந்தேகம் சிவி 29 (டிகோடருக்குள் எழுதிவைக்கும் அமைப்பு எண்களுக்கு சிவி என்று பெயர்). அதில் 4 என்ற மதிப்புதான் அனலாக் அனுமதி. பொதுவான 6-இல் வேகப் படிகளுக்கான 2-உம் இந்த 4-உம் சேர்ந்திருக்கும். யாராவது 2 என்று மாற்றியிருந்தால் டிசியில் பிணம்தான். டிசிசிக்காரர்கள் வேண்டுமென்றேதான் இதை அணைக்கிறார்கள்: சிக்னல் தடுமாறும்போது டிகோடர் அதை டிசி என்று எடுத்துக்கொண்டு முழு வேகத்தில் ஓடிவிடக் கூடாது என்பதற்காக. அனலாக்கில் முன் பின் விளக்குகள் எரிய சிவி 14-இல் 3, எஃப்1 என்ற கூடுதல் செயல்பாடு வேண்டுமானால் சிவி 13-இல் 1. லோக்சவுண்ட் போன்ற ஈஎஸ்யூ நிறுவன டிகோடர்களில் சிவி 125 கிளம்பும் வோல்டேஜையும், 126 உச்ச வேகத்துக்கான வோல்டேஜையும் மாற்றும். ஒலி இன்ஜின் சோம்பினால் 125-ஐக் குறைத்துப் பாருங்கள். இவை எதையும் அனலாக் கன்ட்ரோலரில் எழுத முடியாது. டிசிசி வைத்திருக்கும் நண்பரோ, ஆர்டுயினோ போர்டில் கட்டிய டிசிசி-இஎக்ஸ் என்ற கட்டளைப் பெட்டியோ வேண்டும். அதைத் தனித் தண்டவாளத் துண்டில் வைத்துச் செய்யுங்கள். ஒரே லேஅவுட்டில் ஒரு பிளாக் டிசி, அடுத்தது டிசிசி என்று இருந்தால், இடைவெளியைத் தாண்டும் சக்கரம் இரண்டையும் இணைத்துவிடும். ஏதாவது ஒரு கன்ட்ரோலர் பெட்டி பழுதாகிவிடும்.

அனலாக்கை விட்டு நகரப் போவதில்லை என்றால், ஒலி இல்லாத டிகோடரைக் கழற்றி, அதன் இடத்தில் மின்சாரத்தை நேராக அனுப்பும் பிளாங்கிங் பிளக் போடுவதே எங்கள் சிபாரிசு. நெம் 652 எனப்படும் எட்டு முனை டிகோடர் சாக்கெட்டில் அது செய்வது எளிது: 1-ஐ 8-உடனும், 4-ஐ 5-உடனும் இணைத்தால் தண்டவாள மின்சாரம் நேராக மோட்டாருக்குப் போகும். பிளக் தொலைந்திருந்தால் இரண்டு சிறு வயர் துண்டுகளாலேயே இன்ஜினை ஓட்டிவிடலாம். விளக்கு முனைகளை மட்டும் தொடாதீர்கள். அவற்றுக்கு டையோடு உள்ள அசல் பிளக்கே வேண்டும்.